பழைய மொபைல் ஹோமை வாடகைக்குத் தயாராக்கிய குழு: ஒரு மதிப்பீடு

அமெரிக்காவில் பழைய மொபைல் ஹோம் (தொழிற்சாலையில் கட்டி, இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தும் வீடு) ஒன்றை வாங்கிச் செப்பனிட்டு வாடகைக்கு விட நினைப்பவர்கள் முதலில் தேட வேண்டியது, வீட்டின் அடியில் தவழ்ந்து நுழைந்து பார்க்கத் தயங்காத பணியாளர்களைத்தான். வண்ணம் பூசுவதற்கும் அலமாரி மாற்றுவதற்கும் பிறகு எப்போது வேண்டுமானாலும் ஆள் கிடைக்கும். 1984-இல் தயாரான எங்கள் சிங்கிள்-வைடு வீட்டை (ஒரே பகுதியாக வரும் குறுகலான வகை), இவ்வகை வீடுகளை மட்டுமே எடுத்துச் செய்யும் ஒரு சிறு ஒப்பந்தக் குழுவிடம் ஒப்படைத்திருந்தோம். அதில் இப்போது குடித்தனக்காரர் வசிக்கிறார். ஒரு குளிர்காலமும் கடந்துவிட்ட நிலையில், அவர்களது வேலையைப் பற்றி நிதானமாகச் சொல்ல முடிகிறது.

பார்வையிட வந்த மேற்பார்வையாளர் உள்ளே நுழைவதற்கு முன்பே, வெளிச்சுவரில் பதித்திருக்கும் சிறிய சிவப்பு உலோகத் தகட்டைத் தேடினார். மத்திய அரசின் வீட்டுவசதித் துறை வகுத்த 'ஹட்' கட்டுமான விதிகள் 1976 ஜூன் 15 அன்று நடைமுறைக்கு வந்தன. அவற்றின்படி தயாரான வீட்டுக்கு அந்தத் தகடுதான் அடையாளம். அதற்கு முற்பட்ட வீடுகளை இவர்கள் ஏற்பதே இல்லை. அவற்றில் சிலவற்றில் அலுமினிய வயரிங் இருக்கும். 1972-க்கு முன் தயாரித்த அலுமினிய வயர் உள்ள வீடுகளில், இணைப்புகள் தீப்பிடிக்கும் அளவுக்குச் சூடேறும் வாய்ப்பு செப்புக் கம்பி உள்ள வீடுகளைவிட 55 மடங்கு அதிகம் என்று நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையமே எச்சரித்திருக்கிறது. வாடகைக்கு வருபவரின் உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில், வருகிற வேலையை வேண்டாம் என்று சொல்லும் துணிவு எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

இவர்களது உண்மையான திறமை தளத்திலும் அதன் கீழும்தான் இருக்கிறது. அந்தக் காலத்து வீடுகளில் தளத்துக்குப் பெரும்பாலும் மரத்தூளைப் பசையிட்டு அழுத்திய பார்ட்டிகிள் போர்டையே போட்டிருப்பார்கள்; அது ஒருமுறை தண்ணீர் குடித்துவிட்டால் உப்பிப்போய், காய்ந்த பிறகும் பழைய பலம் திரும்பாது. எங்கள் வீட்டில் குளியல் தொட்டியின் ஓரத்திலும் வாட்டர் ஹீட்டர் அறையிலும் கம்பளத்தை உரித்ததும், பலகை மரத்தூளாகக் கையோடு வந்தது. மேலேயே இன்னொரு பலகையை அறைந்து மூடிவிடுவது பலரும் செய்கிற வேலை. இவர்களோ, ஈரம் ஏறிய பகுதிக்கு அப்பால் உறுதியான இடம் வரை வெட்டியெடுத்து, உத்தரங்களின் பக்கவாட்டில் புதுக் கட்டைகளைச் சேர்த்து, முக்கால் அங்குல பிளைவுட்டைப் பசையிட்டுத் திருகாணியால் இறுக்கினார்கள். அதற்கும் முன்னதாக, தாங்குதூண்களின் மேல் ஆப்புகளைச் சரிசெய்து வீடு முழுவதையும் மட்டம் பார்த்து நிறுத்தினார்கள். இந்த வரிசை மிக முக்கியமானது; தளத்தையும் கதவுகளையும் முடித்த பிறகு மட்டம் பார்த்தால், கதவு ஒவ்வொன்றும் நிலையில் உரசும்.

தளம் திறந்திருந்தபோதே சாம்பல் நிறக் குழாய்கள் கண்ணில் பட்டன. 1978 முதல் 1995 வரை அமெரிக்க வீடுகளில் பரவலாகப் போட்ட பாலிபியூட்டிலீன் என்ற பிளாஸ்டிக் குழாய்கள் அவை. தண்ணீரில் கலக்கும் குளோரினால் உள்ளுக்குள்ளேயே நைந்து, முன்னறிகுறி இல்லாமல் வெடித்துவிடக்கூடும். ஒட்டுப்போடலாமா என்று நான் கேட்டதற்கு, முடியாது என்று தெளிவாகச் சொல்லி, எல்லாவற்றையும் எடுத்துவிட்டு பெக்ஸ் என்ற வளையும் பிளாஸ்டிக் குழாய் போட்டதுடன், ஒவ்வொரு குழாய்முனைக்கும் தனி அடைப்பு வால்வும் வைத்துக் கொடுத்தார்கள். சமையலறைக் குழாய் கசிந்தாலும் வீடு முழுவதற்கும் தண்ணீரை நிறுத்தத் தேவையில்லை என்பது, வாடகை வீட்டுக்கு எவ்வளவு வசதி என்பதைக் குடித்தனம் வைத்தவர்கள் அறிவார்கள். வீட்டின் அடிப்பக்கத்தை மூடியிருக்கும், கிழிந்து தொங்கிய அடித்துணியையும் ஈரமேறிய வெப்பக் காப்புப் பஞ்சையும் அகற்றிப் புதிதாக இட்டார்கள். வெறும் மண்ணின்மேல் தடித்த பாலித்தீன் விரிப்பையும் பரப்பினார்கள். காற்றுக்கு வீடு அசையாமல் பிடித்திருக்கும் இரும்புப் பட்டைகளில் துருப்பிடித்தவற்றையும் கேட்காமலே மாற்றிவிட்டார்கள்.

உலோகக் கூரையைக் கழுவி, மூட்டுகளில் துணிநாடா ஒட்டி, ரப்பர்போல் இழுபடும் வெள்ளை எலாஸ்டோமெரிக் பூச்சு பூசிய வேலையில் குறை சொல்ல எதுவும் இல்லை.

உள்வேலையைப் பற்றி அப்படிச் சொல்ல இயலவில்லை. வினைல் தாள் ஒட்டிய மெல்லிய ஜிப்சம் பலகைகளே இவ்வீடுகளின் சுவர்கள். பலகைகள் சேரும் இடத்தை மறைக்க ஒரு பட்டை இருக்கும். அந்தப் பட்டைகளைப் பிடுங்கிவிட்டு, இடைவெளியைக் கலவையால் அடைத்து வண்ணம் பூசிவிட்டார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் குளிரில் சட்டகம் சுருங்கியதும் மூட்டுகள்தோறும் மயிரிழை விரிசல்கள் ஓடின. பட்டைகளை அப்படியே விட்டு, நன்றாகப் பிடிக்கும் பிரைமர் அடித்து வண்ணம் பூசியிருந்தாலே போதும் என்பது என் உறுதியான கருத்து. வெளிக்கதவிலும் தாமதம் ஏற்பட்டது. இவ்வீடுகளின் கதவு உயரம் பெரும்பாலும் 76 அங்குலம், தொட்டியின் நீளம் 54 அங்குலம். சாதாரண வீடுகளுக்கான 80, 60 அங்குல அளவுகள் இங்கே பொருந்தாது. தொட்டியைச் சரியாக வாங்கியவர்கள் கதவை மட்டும் பொது அளவில் தருவித்து, திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. வெப்ப உலையை மட்டும் இவ்வகை வீடுகளுக்கென ஒப்புதல் பெற்ற மாதிரியாகவே தேடி வாங்கினார்கள். அதில் எனக்கு நிறைவு.

மதிப்பீட்டுத் தாளில் தளவேலை முழுவதையும் ஒரே தொகையாகக் குறித்திருந்தார்கள். பலகை, குழாய், அடித்துணி, வெப்பக் காப்பு ஆகியவற்றைத் தனித்தனியாக எழுதித் தருமாறு கேட்டால் மறுப்பதில்லை. ஆனால் நாம்தான் கேட்க வேண்டும். நகராட்சி அனுமதியை யார் வாங்குவது என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வது நல்லது.

மட்டம், தளம், குழாய், கூரை ஆகியவற்றுக்கு இவர்களை மனமாரப் பரிந்துரைக்கிறேன். அடுத்து நாங்கள் வாங்கவிருக்கும் வீட்டிலும் அந்த வேலைகளை இவர்களிடமே கொடுக்கப் போகிறோம்; சுவருக்கும் கதவுக்கும் மட்டும் வேறு தச்சரிடம் பேசி வைத்திருக்கிறோம்.