மார்கழியில் எடுத்த ஜோடி மோதிரம்: இரண்டு வருஷத்துக்குப் பிறகு

ஆபீஸ் தம்பி ஒருவனுக்குக் கல்யாணம். "ஜோடி மோதிரம் எடுக்கலாம்னு இருக்கோம், உங்களுது எப்படிண்ணே இருக்கு?" என்று கேட்டான். என் மோதிரம் அன்றுதான் ஆசாரி பட்டறையிலிருந்து வந்திருந்தது. அதனால் பதிலில் கொஞ்சம் காரம் இருக்கும்.

நாங்கள் எடுத்தது 2023 டிசம்பர் கடைசியில். தாமிரபரணி வெள்ளம் வடிந்து பத்து நாள். திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் இன்னும் சகதி வாடை போகவில்லை. மாப்பிள்ளை மோதிரம் பெண் வீட்டார் எடுத்து வருவதுதான் எங்கள் வீட்டுப் பழக்கம். நாங்களே ஜோடியாகப் போய் எடுக்கிறோம் என்றதும் அத்தைக்கு முகம் சுண்டிவிட்டது. "அதுவும் மார்கழியிலயா?" என்றாள். தங்கம் கிராம் 6,000-க்குக் கொஞ்சம் கீழே இருந்தது. இன்று அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். அத்தை இப்போது மார்கழியைப் பற்றி வாய் திறப்பதில்லை.

என் மனைவி எடுத்தது வெறும் பட்டை. கல் இல்லை, வேலைப்பாடு இல்லை, சேதாரமும் குறைவு. மாவு பிசைகிறாள், பாத்திரம் துலக்குகிறாள், ஒரு குறை சொன்னதில்லை. நான்தான் நடுவில் வெள்ளைக் கோடு ஓடுகிற மாடலுக்கு ஆசைப்பட்டேன். ரோடியம் பூச்சு ஒரே வருஷத்தில் தேய்ந்து கோடு மஞ்சளாகிவிட்டது. சரி, அது போகட்டும்.

என் எரிச்சல் அளவில்தான். மார்கழிக் குளிர், அதன்மேல் கடை ஏசி. விற்பனைப் பையன் அளவு வளையக் கொத்தை நீட்டினான்; 18 வழுக்கிக்கொண்டு ஏறியது. "கச்சிதம் சார்" என்றான். குளிரில் விரல் சுருங்கும், வெயிலில் ஊதும் என்று தினமும் நூறு விரல் பார்க்கிறவனுக்குத் தெரியாதா? சித்திரை வெயிலில் மோதிரம் விரலில் சிறைப்பட்டது. சோப்புக்கு அசையவில்லை. ஆச்சிதான் தையல் நூலின் ஒரு நுனியை மோதிரத்துக்கு அடியில் நுழைத்து, மறுபாதியை விரல் கணுவரை நெருக்கிச் சுற்றி, நுழைத்த நுனியைப் பிடித்து மெல்லப் பிரித்தாள். நூல் பிரியப் பிரிய மோதிரம் மரை கழன்ற மாதிரி மேலே ஏறி வந்தது. ஒவ்வொரு சித்திரையும் இதே கூத்து.

கடைசியில் ஆசாரியிடம் போனேன். 20 ஆக்க வேண்டும். ஒரு எண்ணுக்கு உள்சுற்று ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கூடும். வெட்டி, துண்டு சேர்த்து, பற்றவைக்கும் பொடி வைத்து ஊத வேண்டும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு உள்பக்கத்தைப் பார்த்தார்.

"இந்தப் பக்கம் 916 முத்திரையும் எச்யூஐடியும் இருக்கு, அந்தப் பக்கம் தங்கச்சி பேரு இருக்கு. எங்கன வெட்ட?"

எச்யூஐடி என்பது ஒவ்வொரு நகைக்கும் தனியாக இருக்கும் ஆறு இலக்க ஹால்மார்க் அடையாளக் குறி; அது போனால் நாளைக்கு மாற்றப் போகும்போது பேச்சு வருமே என்று கணக்குப் போட்டு, "பேர்லயே வெட்டுங்க" என்று சொல்லிவிட்டேன். 200 மில்லிகிராம் தங்கம், கூலி எல்லாம் சேர்த்து 3,200 ரூபாய். ஒட்டுத் தெரியாத வேலை. அவரைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் அரம் போட்டு மெருகேற்றியதில் மனைவி பெயரில் முதல் இரண்டு எழுத்து போய்விட்டது. மிச்சம் நிற்பது வேறொரு பெண்ணின் பெயர்.

வீட்டில் கழற்றிக் காட்டினேன். கழற்ற முடிந்ததே பெரிய விஷயம் என்ற பெருமையில் காட்டியதுதான் தப்பு. அவள் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "விக்கவா வாங்கினீங்க?" என்றாள்.

உள்ளதைச் சொன்னால், கடைமேல் பெரிய குற்றமில்லை. எடை சரி, பில் சரி, எச்யூஐடியை ஹால்மார்க் சரிபார்க்கும் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுப் பார்த்தேன், அதுவும் சரி. மோதிரமும் இப்போது லேசாக ஏறி இறங்குகிறது. ஆனாலும் தம்பியிடம் "அந்த மாடல் வேண்டவே வேண்டாம், பெயரும் பொறிக்காதே" என்றுதான் சொன்னேன். கடை எது என்று கேட்டான். அதே கடைக்குத்தான் வழி சொன்னேன். மத்தியானம் இரண்டு மணிக்கு, டவுன் ஆர்ச்சிலிருந்து வண்டி எடுக்காமல் நடந்து போகச் சொன்னேன். உள்ளே நுழைந்ததும், ஏசி உறைக்கும் முன்னால், விரலை நீட்டிவிட வேண்டும்.