ராணுவம் கழித்த ஜெனரேட்டர்: 831, 002, 802 மூன்றில் எது?

அமெரிக்க ராணுவம் கழித்துவிடும் டீசல் ஜெனரேட்டர்களை ஏலப் படங்களில் பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரித்தான் தெரியும். பச்சையோ மணல் நிறமோ பூசிய இரும்பு, ஒரு தகட்டில் எம்இபி என்று தொடங்கும் மாடல் எண். அவற்றில் 831ஏ, 002ஏ, 802ஏ மூன்றையும்தான் இங்கே ஒப்பிடுகிறேன். வாங்குபவர்கள் முதலில் கிலோவாட்டைப் பார்ப்பார்கள், அப்புறம் ஓடிய மணிக்கணக்கை. என்னைக் கேட்டால் இரண்டையும் ஓரமாக வையுங்கள். ஓவர்ஹால் ஆகி வந்த மெஷினில் மணிக்கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கியிருக்கலாம். ‘இது எங்கே மக்கர் செய்யும், செய்தால் என் கையால் சரிசெய்ய முடியுமா’ என்பதுதான் கேள்வி.

அதற்கு முன்னால் ஒரு பள்ளம் இருக்கிறது, அதில் விழுந்துவிட வேண்டாம். 802ஏ-வும் அதன் அண்ணன் 803ஏ-வும் 60 ஹெர்ட்ஸ், அதாவது அமெரிக்க வீட்டு மின்சாரம் போல நொடிக்கு 60 சுழற்சி. அதே பெட்டி, அதே கதவுகளோடு 812ஏ, 813ஏ என்று வருபவை 400 ஹெர்ட்ஸ். 831ஏ-வுக்கு 832ஏ-வும் அப்படித்தான். விமானம், ரேடார் போன்றவற்றுக்கான மின்சாரம் அது. வீட்டு ஃப்ரிட்ஜுக்கு ஆகாது. விலை சந்தேகப்படும்படி குறைவாக இருந்தால் தகட்டை இன்னொரு தடவை படியுங்கள்.

சரி, மூன்றில் சின்னது 831ஏ. 3 கிலோவாட், யன்மாரின் ஒற்றை சிலிண்டர் என்ஜின், சுமார் 150 கிலோ எடை. முழு லோடில் மணிக்கு ஒன்றேகால் லிட்டர் டீசல்தான் குடிக்கும். என்ஜின் பக்கம் கவலை குறைவு. அந்த யன்மார் உலகம் பூராவும் ஓடுகிற சாதி, நாசில், ஃபில்டர் எல்லாம் எளிதில் கிடைக்கும். தலைவலி மின்சாரப் பக்கம். நிலைக்காந்த ஆல்டர்னேட்டர் கொடுக்கும் மின்சாரத்தை ஒரு இன்வெர்ட்டர்தான் 60 ஹெர்ட்ஸாக மாற்றித் தருகிறது. அந்த எலெக்ட்ரானிக்ஸ் பெட்டி போனால் ஸ்பேனரும் மல்டிமீட்டரும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. இன்னொரு பெட்டி தேடி அலைய வேண்டியதுதான். என்ஜின் அழகாக ஓடும், பிளக்கில் மட்டும் கரண்ட் இருக்காது. லோடு போட்டுக் காட்டாத 831ஏ-வை நான் வாங்க மாட்டேன்.

002ஏ அதற்கு நேர் எதிர். பழைய தலைமுறை, ஓனான் தயாரித்த இரண்டு சிலிண்டர் என்ஜின், காற்றால் குளிர்வது. 5 கிலோவாட். இதன் அண்ணன் 003ஏ, நாலு சிலிண்டர், 10 கிலோவாட். ரேடியேட்டர் கிடையாது, அதனால் ஒழுகும் ஹோஸும் கிடையாது. ரிலே, சுவிட்சு, ஒயர் எல்லாம் கண்ணுக்கு நேரே தெரியும், எதையும் தொட்டுப் பார்த்துப் பழுது கண்டுபிடிக்கலாம். கிடந்த மெஷின் என்றால் முதலில் தகரக் கவசங்களைக் கழற்றி சிலிண்டரின் குளிர்ச்சி இதழ்களைப் பாருங்கள். எலி கூடு கட்ட அதைவிட வசதியான இடம் அமையாது. சூட்டுக்கு ஏற்றபடி காற்றுக் கதவைத் திறக்கிற தெர்மோஸ்டாட் செத்துப்போய்க் கதவு மூடியே கிடந்தால், நல்ல என்ஜினும் சூடேறி நின்றுவிடும். குளிர்காலத்தில் கிளம்பவில்லை என்றால் ஸ்டார்ட்டுக்கு முன் சூடேற்றும் குளோ பிளக்கையும் மேனிஃபோல்டு ஹீட்டரையும் மீட்டர் வைத்துச் சோதிக்க வேண்டும். இவ்வளவும் நாமே செய்யக்கூடியவை. ஆனால் சத்தம்! திறந்த சட்டத்தில் நிற்கும் மெஷின், பக்கத்து வீட்டுக்காரர் சும்மா இருக்க மாட்டார். பண்ணையில் வைப்பதற்குச் சரி.

என் ஓட்டு 802ஏ-வுக்கு. அதனால் அதன் குறையையும் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 5 கிலோவாட், 1800 சுற்று, லிஸ்டர் பெட்டரின் இரட்டை சிலிண்டர், தண்ணீரால் குளிர்வது. 803ஏ-வில் அதே குடும்பத்தின் நாலு சிலிண்டர். லிஸ்டர் என்றதும் கிணற்று மேட்டில் டுக்டுக் என்று ஓடிய, ராஜ்கோட்டில் அச்சு அசலாகச் செய்த பம்பு செட் நினைவுக்கு வரலாம். பெயர்தான் உறவு, இந்த என்ஜின் வேறு.

இதில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்‌ஷன் பம்பு, டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஒரே கம்பி, அதாவது ரேக், எல்லாவற்றையும் சேர்த்து இழுக்கும். வருடக்கணக்கில் பழைய டீசலோடு கிடந்தால் பம்பு பிசின் பிடித்து இறுகிவிடும். டீசல் வராத நிலையில் இறுகினால் என்ஜின் கிளம்பாது, அவ்வளவுதான். டீசல் வரும் நிலையில் இறுகிவிட்டால், வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் இழுத்தாலும் ரேக் திரும்பாது, சுவிட்சை அணைத்தாலும் நிற்காது. என்ஜின் கட்டுக்கடங்காமல் சுற்றி வேகம் ஏறிக்கொண்டே போகும். ஆகவே முதல் ஸ்டார்ட்டுக்கு முன்னால் ரேக் தாராளமாகப் போய் வருகிறதா என்று கையால் பார்த்துவிடுங்கள். அசையவில்லை என்றால் எண்ணெய் விட்டு ஊறவைக்க வேண்டும், சுத்தியலைத் தேடக் கூடாது. காற்று உள்ளே போகும் வாயை அடைக்க ஒரு பலகையும் பக்கத்தில் இருக்கட்டும். கையால் அடைக்கப் போகாதீர்கள்.

இந்தத் தடையைத் தாண்டிவிட்டால் மிச்சம் சுலபம். மாஸ்டர் சுவிட்சை ஓடும் நிலைக்குத் திருப்பினால் டீசல் பம்பு டிக் டிக் என்று அடிக்க வேண்டும். அடிக்காவிட்டால் பேட்டரியைப் பாருங்கள்: 12 வோல்ட் இரண்டு, வரிசையாக இணைத்து 24. ஒன்று புதுசு ஒன்று பழசு என்று போட்டால் தகராறுதான். டேங்க் நிறைய டீசல் இருந்தும் ‘டீசல் இல்லை’ என்று விளக்கு எரிந்து நின்றுபோனால், பெரும்பாலும் டேங்குக்குள் மிதவை சுவிட்சு சிக்கியிருக்கும்.

என்ஜின் ஓடுகிறது, வோல்ட்டேஜ் வரவில்லை. பாதிப் பேர் இங்கேதான் வோல்ட்டேஜ் ரெகுலேட்டரை மாற்றக் கிளம்புகிறார்கள். பொறுங்கள். ஸ்டார்ட் சுவிட்சை என்ஜின் பிடித்ததும் விட்டுவிட்டீர்களா? அந்த நிலையில்தான் பேட்டரி கரண்ட் போய் ஆல்டர்னேட்டரின் காந்தப் புலத்தை எழுப்புகிறது. ஆயில் பிரஷர் ஏறி, மீட்டரில் வோல்ட்டேஜ் ஏறும்வரை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். அப்படியும் வரவில்லை என்றால் வோல்ட்டேஜ் திருகியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நாலைந்து தடவை சுழற்றிப் பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால், ரெகுலேட்டருக்குச் சக்தி தரும் குவாட் வைண்டிங் என்ற கம்பிச்சுருள் அறுந்திருக்கிறதா என்று மீட்டரில் பார்த்துவிட்டு அப்புறம் காசை எடுங்கள். ராணுவக் கையேட்டில் வயரிங் படம் முழுசாக இருக்கிறது. கையேட்டு எண் 802ஏ-வுக்கு 9-6115-641, 803ஏ-வுக்கு 9-6115-642.

803ஏ வேண்டுமா என்பது ஏசியைப் பொறுத்தது. 802ஏ சுமார் 400 கிலோ, முழு லோடில் மணிக்கு 2 லிட்டருக்குச் சற்று மேல். 803ஏ 530 கிலோவைத் தாண்டும், மூன்றே முக்கால் லிட்டர் வரை குடிக்கும். வீடு முழுவதையும் குளிர்விக்கும் சென்ட்ரல் ஏசி என்றால் பெரியதை எடுக்கலாம். நாலு விளக்கு, ஃப்ரிட்ஜ், தண்ணீர் மோட்டார் என்றால் அது வேண்டாம். டீசல் என்ஜின் போதிய லோடு இல்லாமல் பசியோடு ஓடினால் கெட்டுப்போகும். எரியாத டீசல் கறுப்புக் குழம்பாகச் சைலன்சரில் ஒழுகுவதை ஏலத்தில் பார்த்து ‘என்ஜின் போச்சு’ என்று பலர் ஒதுங்கிவிடுவார்கள். பெரும்பாலும் லோடாக ஹீட்டர்களை மாட்டி முக்கால் லோடில் சில மணி நேரம் ஓட்டினாலே புகை தெளிந்துவிடும். பேரம் பேச நல்ல இடம் அதுதான்.

வீட்டு வயரிங்கோடு சேர்ப்பதென்றால், தெரு மின்சாரம், ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டும் வீட்டோடு இணைக்கும் மாற்று சுவிட்சு இல்லாமல் கூடாது; தெருக் கம்பத்தில் ஏறியிருப்பவரின் உயிர் அதில் இருக்கிறது. எல்0 என்று எழுதிய நியூட்ரல் முனையைத் தரை முனையோடு இணைத்து ஒரு செம்புப் பட்டை இருக்கும். வீட்டுப் பலகையில் நியூட்ரலும் எர்த்தும் ஏற்கெனவே ஒன்றாக இருந்து, மாற்று சுவிட்சு நியூட்ரலைப் பிரிக்காத வகை என்றால், அந்தப் பட்டையைக் கழற்றிவிட வேண்டும். கழற்றியதைத் தூக்கி எறியாமல் பெட்டிக்குள்ளேயே கட்டி வையுங்கள். மெஷினைத் தனியாக வெளியே கொண்டுபோய் ஓட்டும் நாளில் மறுபடி மாட்ட வேண்டியிருக்கும்.