கேம் ரெக்கார்டிங் மங்கலாக வருகிறதா? சாஃப்ட்வேரை மாற்றும் முன் ஓர் ஒப்பீடு

திரையில் கேம் பளிச்சென்று ஓடுகிறது, ரெக்கார்ட் செய்த வீடியோவைத் திறந்தால் கட்டம் கட்டமாக உடைந்து கிடக்கிறது. உடனே எல்லோரும் செய்வது சாஃப்ட்வேரை மாற்றுவதுதான். ஓபிஎஸ் சரியில்லை என்று பாண்டிகாமுக்குப் போவது, அது இலவசப் பதிப்பில் வாட்டர்மார்க் போடுகிறது என்று விண்டோஸ் கேம் பாருக்குப் போவது, அங்கும் திருப்தி இல்லாமல் மறுபடி ஓபிஎஸ்ஸுக்கே வருவது. இதில் பெரிதாக ஒன்றும் மாறப்போவதில்லை. உங்களிடம் என்விடியா கார்டு இருந்தால் ஓபிஎஸ்ஸில் என்வென்க் என்ற தேர்வைப் போட்டாலும் என்விடியாவின் சொந்த ஆப்பில் ரெக்கார்ட் செய்தாலும் வேலை செய்வது கார்டுக்குள் இருந்து படத்தைச் சுருக்கி வீடியோவாக்கும் அதே என்கோடர்தான். அதற்கு நாம் என்ன செட்டிங் கொடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அதற்கும் முன்னால் ஒரு சின்ன வேலை. ஃபைலை உங்கள் கம்ப்யூட்டரிலேயே விஎல்சியில் முழுத்திரையில் ஓட்டிப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, கூகுள் டிரைவ் ப்ரிவ்யூவில் பார்த்துவிட்டு, யூடியூபில் ஏற்றிய ஐந்தாவது நிமிடம் 360பியில் பார்த்துவிட்டு "குவாலிட்டி போச்சு" என்று புலம்புகிறவர்கள் நிறைய. விஎல்சியில் நன்றாக இருந்தால் ரெக்கார்டிங்கில் கை வைக்காதீர்கள், கடைசியில் யூடியூப் பற்றிச் சொல்லியிருப்பதற்குப் போய்விடலாம்.

சரி, ஃபைலே மோசம் என்றால் எந்த மாதிரி மோசம்? மங்கலா, திக்கித் திக்கி ஓடுகிறதா, நிறம் வெளிறியிருக்கிறதா? மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. பிட்ரேட்டை (ஒரு நொடி வீடியோவுக்குச் செலவிடும் டேட்டாவின் அளவு) ஏற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புவது முதலாவதற்கு மட்டும்தான் பொருந்தும்.

சாஃப்ட்வேர்களை வேகமாகப் பார்த்துவிடலாம். கேம் பார் விண்டோஸிலேயே இருக்கிறது. விண்டோஸ், ஆல்ட், ஆர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஓட ஆரம்பித்துவிடும். தரத்துக்கு இரண்டே தேர்வு, ஸ்டாண்டர்ட் அல்லது ஹை. ஃப்ரேம் ரேட்டுக்கும் இரண்டே, 30 அல்லது 60. பிட்ரேட் உங்கள் கையில் இல்லை. நண்பனுக்கு ஒரு கிளிப் அனுப்பப் போதும், சேனல் நடத்தப் போதாது.

என்விடியா ஆப் 2024 இறுதியில் பழைய ஜிஃபோர்ஸ் எக்ஸ்பீரியன்ஸின் இடத்துக்கு வந்தது, லாகின் தொல்லை ஒழிந்தது. பிட்ரேட்டை நாமே வைக்கலாம். ஆல்ட் + எஃப்10 அழுத்தினால் கடந்த சில நிமிடங்களைச் சேமிக்கும் இன்ஸ்டன்ட் ரீப்ளே உண்மையிலேயே பெரிய வசதி. குறை என்னவென்றால் ஃப்ரேம் ரேட்டை நிலையாக வைக்காமல் ஏற்றி இறக்கிப் பதிகிறது. எடிட்டிங்கில் போட்டால் பத்து நிமிடம் கழித்து வாயசைவும் குரலும் பிரிவதற்கு இதுதான் வழக்கமான காரணம். ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் சாஃப்ட்வேரில் கான்ஸ்டன்ட் ஃப்ரேம் ரேட் போட்டு மாற்றிக்கொண்டால் தீரும், ஆனால் ஒவ்வொரு வீடியோவுக்கும் அதைச் செய்ய யாருக்குப் பொறுமை இருக்கிறது? ஓபிஎஸ் நிலையான ஃப்ரேம் ரேட்டில்தான் பதிகிறது, எனக்கு அதுவே அதைத் தேர்ந்தெடுக்கப் பாதிக் காரணம்.

ஓபிஎஸ்ஸின் பிரச்சினை வேறு. அதில் எல்லாம் மாற்றலாம், அதனாலேயே தப்பாக இருப்பதும் தெரியாது. இரண்டு இடங்களைப் பார்த்துவிடுங்கள். வீடியோ செட்டிங்கில் அவுட்புட் ரெசல்யூஷன் 1280x720 என்று இருந்தால் உங்கள் 1080பி கேமை அது சுருக்கித்தான் சேமிக்கிறது, நீங்கள் பெரிய திரையில் பார்க்கும்போது இழுத்துப் பெரிதாக்கியது போல மென்மையாகத் தெரியும். அடுத்து, சிம்பிள் மோடில் ரெக்கார்டிங் குவாலிட்டி "சேம் ஆஸ் ஸ்ட்ரீம்" என்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நெட்டில் நேரலை போடுவதற்கு வைத்த பிட்ரேட்டிலேயே ரெக்கார்டிங்கும் நடக்கிறது என்று அர்த்தம். மங்கலாக வருகிறது என்று வரும் புகார்களில் பெரும்பகுதி இந்த ஒரு வரியில் முடிந்துவிடும்.

அது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்குக் கொஞ்சம் கணக்கு. 1920x1080 திரையை நொடிக்கு 60 ஃப்ரேம் பதிந்தால் நொடிக்கு சுமார் 12.4 கோடி பிக்சல். ட்விட்சுக்கு எல்லோரும் வைக்கும் 6000 கேபிபிஎஸ் என்பது நொடிக்கு 60 லட்சம் பிட். ஆக ஒரு பிக்சலுக்கு 0.05 பிட்கூடக் கிடைப்பதில்லை. வேலோரன்ட் மாதிரி வெறும் சுவர்களும் தட்டையான நிறங்களும் உள்ள கேமில் இது ஓரளவு தாங்கும். பப்ஜியில் எராங்கல் மேப்பில் புல்வெளியில் ஓடிக்கொண்டே மவுஸைச் சட்டென்று திருப்பிப் பாருங்கள்: புல் எல்லாம் குழைந்து பச்சைக் கட்டங்களாகிவிடும், நின்றால் ஒரு நொடியில் மெல்லத் தெளியும், மறுபடி ஓடினால் மறுபடி குழையும். அசைந்தால் மங்கல், நின்றால் தெளிவு என்று இருந்தால் வேறு எதையும் சந்தேகிக்க வேண்டாம், பிட்ரேட் பற்றவில்லை.

இங்கேதான் பிட்ரேட்டை நிலையாக வைக்கும் சிபிஆரா, தரத்தை நிலையாக வைக்கும் சிகியூபியா என்ற கேள்வி வருகிறது. சிபிஆர் என்பது அளவுச் சாப்பாடு, பசி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே அளவுதான் இலையில் விழும். சிகியூபி கேட்கக் கேட்கப் போடும் முழுச் சாப்பாடு. நேரலைக்கு சிபிஆர் வேண்டும், ஏனென்றால் நெட் ஒரே சீராகத்தான் தாங்கும். ஹார்டு டிஸ்க்கில் சேமிக்கும்போது அந்தக் கட்டுப்பாடு எதற்கு? லோடிங் ஸ்கிரீனில் வீணாகும் பிட்டை எடுத்துப் புல்வெளிக்குக் கொடுக்கட்டுமே. ஓபிஎஸ்ஸில் அட்வான்ஸ்ட் மோடுக்குப் போய் ரெக்கார்டிங் பகுதியில் ரேட் கன்ட்ரோலை சிகியூபி ஆக்கி 20 வையுங்கள். எண் குறையக் குறையத் தரம் கூடும், ஃபைலும் பெருக்கும். எடிட் செய்யப்போகிறீர்கள் என்றால் 18, இடம் இல்லை என்றால் 23. ஆறு எண் இறக்கினால் ஃபைல் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதனால் "இன்னும் தெளிவாக வரட்டும்" என்று 10க்குப் போவது வெட்டிச் செலவு.

ஃபைல் எவ்வளவு வரும் என்றால், சராசரி 40 எம்பிபிஎஸ் (நொடிக்கு 40 மெகாபிட்) என்று வைத்தால் மணிக்கு 18 ஜிபி. பயப்பட வேண்டியதுதான், ஆனால் வேகத்துக்காக அல்ல. நொடிக்கு 5 எம்பி எழுதுவதைப் பழைய ஹார்டு டிஸ்க்கே செய்துவிடும். மங்கலைப் போக்க எஸ்எஸ்டி வாங்கச் சொல்லும் ஆலோசனைக்குக் காசை விடாதீர்கள்.

என்கோடர்களில் போட்டி எக்ஸ்264க்கும் கிராபிக்ஸ் கார்டின் என்கோடருக்கும். எக்ஸ்264 ப்ராசஸரில் ஓடுவது, மெதுவான ப்ரீசெட்டில் (வேகத்தையும் தரத்தையும் தீர்மானிக்கும் தயார் செட்டிங்) குறைந்த பிட்ரேட்டிலும் நல்ல படம் கொடுப்பது, அதனால் இன்றும் சிலர் அதுதான் உசத்தி என்பார்கள். ஆனால் அந்த உசத்தி தெரிவது பிட்ரேட் குறைவாக இருக்கும்போதுதான். ரெக்கார்டிங்கில் பிட்ரேட்டுக்குப் பஞ்சமே இல்லை, பிறகு எதற்கு ஆறு கோர் ப்ராசஸரை கேமுக்கும் என்கோடிங்குக்கும் பங்கு போட வேண்டும்? மீடியம் ப்ரீசெட் போட்டு ஒரு பெரிய கேமை ஓட்டினால் "என்கோடிங் ஓவர்லோடட்" என்று கீழே எழுத்து வரும், அப்புறம் வீடியோ திக்கும். தனி கார்டும் இல்லை, இன்டெல் ப்ராசஸரில் வரும் குவிக் சிங் என்கோடரும் இல்லை என்றால் மட்டும் எக்ஸ்264, அதிலும் வெரிஃபாஸ்டில், சிஆர்எஃப் (எக்ஸ்264ல் சிகியூபி மாதிரியான தர எண்) 20 பக்கம்.

என்வென்க் கார்டுக்குள் தனிச் சர்க்யூட்டாக இருப்பதால் கேமின் வேகத்தைப் பெரிதாகத் தொடாது. 2018ல் ஆர்டிஎக்ஸ் 20 வரிசையோடு அதன் புதிய தலைமுறை வந்ததிலிருந்து தரமும் நன்றாகவே இருக்கிறது. இரண்டு கண்ணி உண்டு. ஆரம்பத்தில் வந்த ஜிடிஎக்ஸ் 1650ல் இருப்பது முந்தைய தலைமுறை என்கோடர், 1650 சூப்பரில்தான் புதியது. ஜிடி 1030ல் என்வென்க் கிடையவே கிடையாது, ஓபிஎஸ் பட்டியலில் தேடித் தேடிக் கண் வலிக்க வேண்டாம். ப்ரீசெட் பி5 போதும்.

இன்டெலின் குவிக் சிங்கை யாரும் மதிப்பதில்லை, அது நியாயமில்லை. கேம் தனி கார்டில் ஓட, என்கோடிங் ப்ராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸில் ஓடலாம். பயாஸில் அதை இயக்கி வைத்தால் போதும். ஆனால் ஐ5 12400எஃப் மாதிரி எஃப் போட்ட மாடலில் உள் கிராபிக்ஸே இல்லை, விலை குறைந்ததன் காரணம் அதுதான். ஏஎம்டி கார்டுகள் ஹெச்.264 என்ற வழக்கமான வீடியோ வடிவத்தில் குறைந்த பிட்ரேட்டில் கொஞ்சம் பின்தங்கும், அடுத்த தலைமுறை வடிவமான ஹெச்இவிசி போட்டால் அந்தக் குறை தெரியாது. ஆர்எக்ஸ் 7000 வரிசை என்றால் அதைவிடப் புதிய ஏவி1 கூட இருக்கிறது.

படம் தெளிவு, ஆனால் திக்குகிறது என்றால் ஓபிஎஸ்ஸில் ஸ்டாட்ஸ் ஜன்னலைத் திறந்து வைத்துப் பத்து நிமிடம் விளையாடுங்கள். ரெண்டரிங் லேக் என்ற எண் ஏறினால் கார்டை கேம் முழுசாகத் தின்கிறது, ஓபிஎஸ்ஸுக்கு மிச்சமில்லை: கேமின் எஃப்பிஎஸ்ஸுக்கு ஓர் உச்சவரம்பு வையுங்கள், ஓபிஎஸ்ஸை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறங்கள். என்கோடிங் லேக் ஏறினால் ப்ரீசெட்டைக் குறையுங்கள். டிராப்ட் ஃப்ரேம்ஸ் என்பது நெட் சமாசாரம், ரெக்கார்டிங்குக்குச் சம்பந்தமில்லை.

வெளிறிய நிறத்துக்குப் பெரும்பாலும் விண்டோஸில் ஹெச்டிஆர் (பிரகாசத்தையும் நிறத்தையும் கூட்டிக் காட்டும் வசதி) ஆன் ஆகியிருப்பதுதான் காரணம். விண்டோஸ் + ஆல்ட் + பி (B) அழுத்தி அணைத்துவிட்டு மறுபடி எடுத்துப் பாருங்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால் ஓபிஎஸ்ஸில் கலர் ரேஞ்ச் லிமிடெட், கலர் ஸ்பேஸ் 709 என்று இருக்கிறதா பாருங்கள். ஃபுல் போட்டால் நிறம் கூடும் என்று மாற்றியவர்கள்தான் இங்கே அதிகம். கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்து மட்டும் கசிந்தது போலத் தெரிந்தால் அது பிட்ரேட் குறையல்ல. வழக்கமான வீடியோ வடிவத்தில் நிறத்தின் விவரம் அகலத்திலும் உயரத்திலும் பாதியாகத்தான் சேமிக்கப்படுகிறது, மெல்லிய சிவப்பு எழுத்து அதில் அடிபடும்.

இனி யூடியூப். ஃபைல் அருமை, ஏற்றினால் மோசம் என்பவர்களுக்கு 1080பியா 1440பியா என்பதுதான் கேள்வி. சின்னச் சேனல்களின் 1080பி வீடியோவை யூடியூப் பெரும்பாலும் பழைய ஹெச்.264ல் இறுக்கிச் சுருக்குகிறது. 1440பியில் ஏற்றினால் அதைவிடத் திறமையான விபி9 வடிவம் கிடைக்கிறது, பிட்ரேட்டும் கூடுதல். கேமை 1080பியிலேயே விளையாடி, டாவின்ச்சி ரிசால்வில் டைம்லைனை 2560x1440 ஆக்கி எக்ஸ்போர்ட் செய்தாலே புல்வெளி வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும், சிவப்பு எழுத்தும் கொஞ்சம் பிழைக்கும். 1440பி 60 எஃப்பிஎஸ்ஸுக்கு யூடியூப் சொல்லும் பிட்ரேட் 24 எம்பிபிஎஸ், அதற்கு மேலே கொடுத்தாலும் தப்பில்லை. அப்லோடு நேரம் அதிகமாகும், ப்ராசஸிங்கும் இழுக்கும். வீடியோவை அன்லிஸ்டடில் ஏற்றிவிட்டு, குவாலிட்டி பட்டியலில் 1440பி வந்த பிறகு பப்ளிக் ஆக்குங்கள்.