பழைய லெப்டொப்பில் எஸ்.எஸ்.டி.: ஆறு வருடம் பாவித்ததில் கண்டது

ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, தட்டு சுற்றாமல் சிப்பில் டேட்டாவை வைக்கும் எஸ்.எஸ்.டி. போட்ட முதல் நாள் ராத்திரி அம்மா வந்து கேட்டது இப்பவும் காதில் இருக்கிறது. "என்னா தம்பி, பொட்டி இரையவே இல்ல, கெட்டுப் போச்சா?"

எங்களுடையது லயத்துக் காம்பரா, தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில் ஓர் அறை. நான் இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், மேசை போட்டு வினாத்தாள் அடித்தால், பழைய ஹார்ட் டிஸ்க் முனகுவது உள்ளே படுத்திருக்கும் அம்மாவுக்குக் கேட்கும். அது நின்றால் நான் வேலையை முடித்துவிட்டேன் என்று அர்த்தம். அன்றைக்கு இரைச்சலே இல்லாமல் நான் தட்டிக்கொண்டிருந்தது அவருக்கு விசித்திரமாகப் பட்டிருக்கிறது. 2019 டிசம்பர் லீவில் நடந்தது இது. இப்போது ஆறு வருடம் தாண்டிவிட்டது. போட்ட மறுநாள் எழுதியிருந்தால் "பறக்கிறது" என்ற ஒரே சொல்லோடு முடித்திருப்பேன். இப்போது சொல்ல வேறு சங்கதிகளும் சேர்ந்திருக்கின்றன.

மெஷின் லெனோவோ திங்க்பேட் டி430. 2012இல் வந்த மாடல். நான் 2016இல் செகண்ட் ஹேண்டாக வாங்கினேன். மூன்றாம் தலைமுறை இன்டெல் ஐ5 புரொசெசர், 4 ஜிபி ராம், நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும் 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். நான் படிப்பிப்பது மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில், வீடு நோர்வூட்டுக்குக் கிட்ட. ஆக லெப்டொப் தினமும் பஸ்ஸில்தான் போய் வரும். அந்த ரோட்டில் வளைவு எத்தனை என்று எண்ணப் பார்த்து இரண்டு தடவை தோற்றிருக்கிறேன். சிவனொளிபாதமலை சீசன் தொடங்கிவிட்டால் பஸ்ஸில் நிற்கவும் இடமிருக்காது; பை யாருடைய முழங்காலில் இடிக்கிறது என்றே தெரியாது. போதாததற்கு, மூடியை மூடினாலும் தூங்காமல் விண்டோஸ் அப்டேட் செய்துகொண்டு பைக்குள் சூடாகிக் கிடந்த நாட்களும் உண்டு. ஆட்டத்தை உணர்ந்து ஹார்ட் டிஸ்க்கின் வாசிக்கும் முனையைச் சுற்றும் தட்டிலிருந்து விலக்கி வைக்கும் ஏற்பாடு திங்க்பேட்டில் இருக்கிறது. ஆனால் அதற்குரிய மென்பொருளும் வேண்டும். எனக்கு விற்றவர் விண்டோஸைப் புதிதாகப் போட்டபோது அதைச் சேர்க்கவில்லை. நானும் அப்படி ஒன்று இருப்பதை டிஸ்க் போன பிறகுதான் படித்தேன்.

2019 மூன்றாம் தவணைப் புள்ளிக் கோப்பு திறக்க மறுத்தபோது ஹட்டனில் ஒரு தம்பியிடம் காட்டினேன். அவன் ஏதோ ஒரு புரோகிராமை ஓடவிட்டு மஞ்சள் நிறத்தில் வந்த வரியைக் காட்டினான். "சேர், இது நாள் எண்ணிக்கிட்டு இருக்கு. உள்ள இருக்கிறத முதல்ல எடுத்துக்கங்க." புது லெப்டொப் வாங்கச் சம்பளம் இடம் கொடுக்கவில்லை. கொழும்புக்கு ஒரு கல்யாணத்துக்குப் போன சாக்கில் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாஸாவில் 500 ஜிபி எஸ்.எஸ்.டி. ஒன்றை 14,000 ரூபாய்க்குக் கிட்ட கொடுத்து வாங்கினேன். மலிவில் இருந்ததை விட்டுவிட்டு, டீரேம் (எந்த டேட்டா எங்கே கிடக்கிறது என்ற குறிப்பை வைத்திருக்கும் வேக மெமரி) உள்ள, ஐந்து வருட வாரண்டி உள்ள ஒன்று. 180 டெராபைட் எழுதும் வரை தாங்கும் என்று அதன் தாளில் போட்டிருந்தது. 180 டெராபைட் என்றால் எவ்வளவு என்று அன்றைக்கு எனக்கு ஒரு குறிப்பும் பிடிபடவில்லை.

மாட்டுவது ஒரு வேலையே இல்லை. டி430இல் ஒரு திருகாணியைக் கழற்றி, சின்ன மூடியை எடுத்து, பிளாஸ்டிக் நாக்கைப் பிடித்து இழுத்தால் டிஸ்க் கையோடு வந்துவிடும். பழையது 9.5 மில்லிமீற்றர் தடிப்பு, புதியது 7. ஆடாமல் இருக்கப் பழைய அப்பியாசக் கொப்பியின் மட்டையை வெட்டி அடியில் வைத்தேன். அந்த மட்டை இன்றைக்கும் உள்ளே இருக்கிறது. பயோஸில், அதாவது விண்டோஸுக்கு முன் வரும் அமைப்புத் திரையில், டிஸ்க் இணைப்பு முறையான சாட்டா ஏ.எச்.சி.ஐ. என்று இருக்கிறதா என விண்டோஸ் போடுவதற்கு முன்னமே பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு மாற்றினால் விண்டோஸ் கிளம்பாமல் படுத்துவிடும்.

கஷ்டம் டேட்டாவில்தான். டிஸ்க்கை அப்படியே க்ளோன் பண்ணப் பார்த்தேன். பழுதான இடம் வந்ததும் 61 சதவீதத்தில் நின்றுவிட்டது. அதனால் புது விண்டோஸ் போட்டு, பழைய டிஸ்க்கை யூ.எஸ்.பி. கேஸ் ஒன்றில் மாட்டி, ஃபோல்டர் ஃபோல்டராக இழுத்தேன். முழு ராத்திரி போனது. காலையில் வினாத்தாளைத் திறந்தால் தமிழையே காணோம். ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஒரு பக்கம் நிறைய. ஒரு நிமிடம் வயிறு கலங்கிவிட்டது. பிறகுதான் விளங்கியது, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழைக் காட்டும் பாமினி எழுத்துருவைப் போடவில்லை. இலங்கையில் தமிழ் ஆசிரியர் யாராவது விண்டோஸைப் புதிதாகப் போடுவதாக இருந்தால், ஃபொன்ட்ஸ் ஃபோல்டரை முதலில் பென் டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற எதையும் திரும்ப இறக்கலாம். யாரோ எப்போதோ தந்த அந்த எழுத்துருக்களைத் தேடிப் பிடிப்பதற்குள் தவணையே முடிந்துவிடும்.

வேகக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். பவர் பட்டனை அழுத்தி டெஸ்க்டொப் வர, பழைய டிஸ்க்கில் 2 நிமிடம் 40 விநாடி, அதற்குப் பிறகும் டிஸ்க் லைட் அணையாமல் மினுங்கி, வேர்ட் திறக்க ஐந்து நிமிடம் ஆகிவிடும். போட்ட பிறகு 18 விநாடி. வேர்ட் நான்கு விநாடி. சோதித்துப் பார்த்ததில் பெரிய கோப்பை வாசிக்கும் வேகம் விநாடிக்கு 95 மெகாபைட்டிலிருந்து 520க்குப் போனது. அது ஐந்து மடங்குதான். வித்தியாசத்தை உண்டாக்குவது சின்னச் சின்னத் துண்டுகளை வாசிக்கும் வேகம்: 0.5 மெகாபைட்டாக இருந்தது 28 ஆனது. விண்டோஸ் கிளம்பும்போது ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளைத் தேடுகிறது. ஹார்ட் டிஸ்க்கில் ஒவ்வொன்றுக்கும் முனை நகர வேண்டும், தட்டு சுற்றி அந்த இடம் வரும் வரை காத்திருக்க வேண்டும். ஒரு சுற்றுக்கு மட்டுமே 11 மில்லிசெக்கன்ட் போகிறது. எஸ்.எஸ்.டி.யில் நகர ஒன்றுமில்லை.

மாறாதவையும் உண்டு. பென் டிரைவ் கொப்பி பழைய வேகம்தான், ஏனென்றால் மெதுவானது பென் டிரைவ். எங்கள் பள்ளத்தில் சிக்னல் ஒரு கோடுதான், அதற்கு எஸ்.எஸ்.டி. என்ன செய்யும்? பெட்டரி இரட்டிப்பு நேரம் நிற்கும் என்று ஒரு நண்பர் சொன்னார். எனக்கு மிஞ்சி மிஞ்சிப் போனால் பதினைந்து நிமிடம் கூடியது. 4 ஜிபி ராமோடு குரோமில் ஏழெட்டுப் பக்கம் திறந்தால் அப்போதும் மூச்சு வாங்கியது. 2020 தொடக்கத்தில் இன்னொரு 4 ஜிபி போட்ட பிறகுதான் மெஷின் முழுதாகச் சீரானது. ஆகவே இரண்டுக்கும் சேர்த்துக் காசு ஒதுக்குங்கள்.

அந்த மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டன. ஒன்லைன் வகுப்பு என்றார்கள். பிள்ளைகளில் பாதிப் பேரிடம் ஃபோனே இல்லை, இருந்தவர்கள் சிக்னலுக்கு மலை ஏறினார்கள். அது தனிக் கதை. இந்த லெப்டொப் அந்த இரண்டு வருடமும் சூம் ஓட்டியது, வகுப்பைப் பதிந்தது, புலமைப்பரிசில் பிள்ளைகளுக்கு வீடியோ வெட்டியது. பழைய டிஸ்க்காக இருந்தால் முதல் மாதத்திலேயே படுத்திருக்கும்.

எஸ்.எஸ்.டி.யின் அருமை உண்மையாகத் தெரிந்தது 2022இல். ஊர்களைக் குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு ஓர் எழுத்தைக் கொடுத்து மின்வெட்டு நேர அட்டவணை வந்த காலம். மார்ச் 31ஆம் திகதி 13 மணித்தியாலம் வெட்டு. காசல்ரீ, மவுசாக்கலை, லக்சபான என்று நாட்டுக்குக் கரண்டு எடுக்கும் தண்ணி எங்கள் வீட்டைச் சுற்றித்தான் ஓடுகிறது. நாங்கள் குப்பி விளக்கில் கொப்பி திருத்தினோம். லெப்டொப்பின் பெட்டரி அப்போது நாற்பது நிமிடத்துக்கு வந்துவிட்டது, புதிது வாங்கலாம் என்றால் டொலர் மார்ச்சில் 200இலிருந்து ஏறி மே மாதம் 360ஐத் தொட்டுவிட்டது. நாற்பது நிமிடத்தில் கிளம்புவதற்கு ஐந்து, மூடுவதற்கு இரண்டு என்று கொடுத்தால் மிச்சம் என்ன? எஸ்.எஸ்.டி. இருந்ததால் மூடியைத் திறந்து, இரண்டு கேள்வி அடித்து, ஹைபர்நேட்டில் (திறந்திருப்பதை டிஸ்க்கில் எழுதிவிட்டு அணைவது) போட்டு, வெளிச்சம் வரும்போது விட்ட இடத்திலேயே தொடர முடிந்தது. ஒரு தவணை வினாத்தாள் முழுவதையும் இப்படித் துண்டு துண்டாக அடித்து முடித்தேன்.

ஹைபர்நேட் செய்தால் ஒவ்வொரு தடவையும் ஜிபி கணக்கில் எழுதும், எஸ்.எஸ்.டி. தேய்ந்துவிடும் என்று அப்போது பலர் பயமுறுத்தினார்கள். போன மாதம் டிஸ்க்கின் ஆயுளைக் காட்டும் மென்பொருள் ஒன்றில் பார்த்தேன்: ஆறு வருடத்தில் எழுதியது 26 டெராபைட். தாளில் போட்ட 180க்கு இது ஏழில் ஒரு பங்கு. மிச்ச ஆயுள் 86 சதவீதம் என்று காட்டுகிறது. இந்தக் கணக்கில் போனால் எஸ்.எஸ்.டி. தேயும் முன் லெப்டொப்பின் கீல் உடையும், விசைப்பலகை போகும், நான் பென்ஷனும் எடுத்துவிடுவேன். பக்குவம் என்று நான் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. டிரிம் (அழித்த கோப்பின் இடத்தை எஸ்.எஸ்.டி.க்குச் சொல்லித் துடைக்க வைப்பது) ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டேன், கோப்புத் துண்டுகளை ஒன்றுசேர்க்கும் டிஃப்ராக் செய்யவில்லை, 100 ஜிபி எப்போதும் காலியாக விட்டேன். லெப்டொப் பைக்குள் மட்டும் சிலிக்கா பொதி போடுவேன். மார்கழி மூட்டத்தில் சப்பாத்தே பூஞ்சணம் பிடிக்கிற ஊர் இது.

இனி, குறை. அது என் எஸ்.எஸ்.டி.யில் வரவில்லை, அக்கா மகளுடையதில் வந்தது. என்னுடையதைப் பார்த்துவிட்டு அவளும் தன் பழைய லெப்டொப்புக்கு ஒன்று கேட்டாள். விலை ஏறிக் கிடந்த நேரம். பேர் தெரியாத கம்பனியின் 240 ஜிபி ஒன்று பாதி விலைக்குக் கிடைத்தது, டீரேமும் இல்லை, வாரண்டித் தாளும் இல்லை. நான்தான் மாட்டிக் கொடுத்தேன். பதினான்கு மாதம் நன்றாகத்தான் ஓடியது. ஒரு விடியக்காலை ஃபோன்.

"மாமா, ஒன்னுமே வரல மாமா. கறுப்பா இருக்கு."

முதல் நாள் ராத்திரி வரை அசைன்மென்ட் செய்திருக்கிறாள். எந்த அறிகுறியும் இல்லை. பயோஸில் டிஸ்க்கின் பெயரே வரவில்லை. ஹட்டன் தம்பியும் கையை விரித்துவிட்டான். கட்டுப்படுத்தும் சிப் போய்விட்டால் டேட்டா எந்த மெமரி சிப்பில் எந்த ஒழுங்கில் கிடக்கிறது என்று சொல்ல ஆளில்லை, கொழும்பில் கொடுத்து மீட்கப் போனால் லெப்டொப் விலை கேட்பார்கள். என் பழைய ஹார்ட் டிஸ்க் சாகுமுன் மூன்று மாதம் முனகியது, டிக் டிக் என்றது, ஒரு கோப்பைத் திறக்க மாட்டேன் என்றது. அந்த முனகலைக் கேட்டுத்தான் நான் ஹட்டனுக்குப் போனேன். இது மூச்சுக் காட்டாமல் போய்விட்டது. அவளிடம் பேக்கப் இருக்கிறதா என்று மாட்டிய அன்றே நான் கேட்டிருக்க வேண்டும்.

அழித்த கோப்பும் அப்படித்தான். ஹார்ட் டிஸ்க்கில் தவறி அழித்தால் மீட்கும் மென்பொருள் ஏதாவது பெரும்பாலும் கைகொடுக்கும். எஸ்.எஸ்.டி.யில் டிரிம் ஓடிவிட்டால் அந்த இடம் துடைத்த சிலேட்டு. எட்டாம் வகுப்புப் புள்ளி விபரத்தை ஒரு தடவை ஷிஃப்ட்டோடு அழித்துவிட்டு முழுப் பின்னேரமும் மீட்கப் பார்த்தேன். கிடைத்தது கோப்பின் பெயர் மட்டும். கடைசியில் பிள்ளைகளின் விடைத்தாள்களை வாங்கி மறுபடியும் அடித்தேன்.

2025 ஒக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவு முடிந்தது. பதிவு செய்தால் 2026 ஒக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும். விண்டோஸ் 11 இதற்குச் சரிவராது. அது எட்டாம் தலைமுறைப் புரொசெசரும் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் கேட்கிறது. நான் விண்டோஸை விட்டு, இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்டுக்கு மாறினேன். பாமினியைக் கொப்பி செய்து போட்டதும் வேர்டுக்குப் பதிலான லிப்ரெஆபிஸில் பழைய வினாத்தாள்கள் திறந்தன, அட்டவணைக் கோடுகள் மட்டும் கொஞ்சம் விலகின. 13 வயது மெஷினில் மின்டு கிளம்ப 20 விநாடி. ஹார்ட் டிஸ்க்கோடு இருந்தால் இதை முயன்றே பார்த்திருக்க மாட்டேன்.

இன்னொருவர் கேட்டால் போடச் சொல்வேனா? மூன்றாம் தலைமுறை ஐ3, ஐ5க்கு மேல் இருந்து, கீலும் திரையும் நன்றாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு போடச் சொல்வேன். கீபோர்டில் பாதி வேலை செய்யாத மெஷினுக்குச் செலவழிக்க வேண்டாம். பேர் தெரியாத மலிவு எஸ்.எஸ்.டி.யை விட, பேர் தெரிந்த 250 ஜிபி போதும். மிச்சக் காசில் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்று கட்டாயம்.

நான் ஒரு டெராபைட் வெளி டிஸ்க் வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் கொப்பி எடுத்து, லெப்டொப் வைக்கும் அதே அலுமாரியில் வைத்துவந்தேன். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழை கொட்டிய இரவு, மேட்டில் மண் வெடிப்பு விட்டிருக்கிறது என்று சொல்லி எங்கள் லயத்து ஆட்களை எல்லாம் கிளப்பினார்கள். அம்மா பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை இருந்த தகரப் பெட்டியைத் தூக்கினார், நான் லெப்டொப் பையைத் தூக்கினேன். பாடசாலை மண்டபத்தில் நனைந்த பாயில் உட்கார்ந்த பிறகுதான் வெளி டிஸ்க் அலுமாரியிலேயே கிடக்கிறது என்பது நினைவுக்கு வந்தது. லயம் தப்பியது, டிஸ்க்கும் தப்பியது. இப்போது அது ஹட்டனில் அக்கா வீட்டில் இருக்கிறது. சம்பளம் எடுக்கப் போகிற நாளில் லெப்டொப்பையும் கொண்டுபோய், அக்கா தேத்தண்ணி ஊற்றும் நேரத்தில் கொப்பி எடுத்துவிட்டு வருகிறேன்.