கண்ணாடிக்கடை நாற்காலியா, பார்வைப் பயிற்சி அறையா?

உயர்தரத்தில் உயிரியல் படித்து, மருத்துவபீட வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் கீழே நின்றுவிட்ட பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதைத்தான்: "ஒப்டோமெட்ரி படிச்சிட்டுத் திருகோணமலைக்கே வந்தா என்ன செய்யலாம்?" (ஒப்டோமெட்ரி என்பது பார்வையைச் சோதித்துக் கண்ணாடி எழுதிக் கொடுக்கும் துறை.) வெளிநாட்டில் தங்கிவிடுகிறவர்களின் கணக்கு வேறு. அரசாங்க ஆஸ்பத்திரி வேலை கிடைத்தால் சம்பளமும் ஓய்வூதியமும் உறுதி. ஆனால் வெளியே வரிசை நிற்கும்போது ஒரே பிள்ளையோடு ஒரு மணித்தியாலம் உட்கார முடியாது. ஊரில் இருந்துகொண்டு தன் விருப்பப்படி வேலை செய்ய நினைக்கிறவருக்கு மிஞ்சுவது இரண்டு வழி. ஒன்று கண்ணாடிக்கடையில் பார்வை சோதிப்பது. மற்றது பார்வைப் பயிற்சியில், அதாவது இரண்டு கண்களையும் ஒன்றாக வேலை செய்யப் பழக்கும் சிகிச்சையில், தனித்தேர்ச்சி பெறுவது.

வருமானத்தை முதலில் பார்ப்போம், வீட்டில் அம்மா அப்பா கேட்பதும் அதைத்தானே. கடையில் காசு சோதனையில் வருவதில்லை, பிரேமிலும் கண்ணாடியிலும்தான் வருகிறது. நாற்பது தாண்டிய பெரும்பாலானோருக்கு வாசிக்கும் கண்ணாடி தேவைப்படும் என்பதால் ஆள் வரத்துக்குக் குறைவில்லை. மூதூர், கிண்ணியா, நிலாவெளி என்று சுற்றுவட்டாரமெல்லாம் டவுனுக்குத்தான் வருகிறது. பயிற்சி அறையில் விற்க எதுவும் இல்லை. உங்கள் நேரத்துக்குத்தான் கட்டணம். ஒரு பிள்ளைக்கு வாரம் ஒரு மணித்தியாலம் வீதம் ஏறக்குறைய மூன்று மாதம் போகும். கடையில் அதே ஒரு மணித்தியாலத்தில் மூன்று நான்கு பேரைப் பார்த்துவிடலாம். ஆக, முதல் சில வருடங்களுக்குக் கடைதான் கை கொடுக்கும்.

ஆனால் அறைக்குப் போடவேண்டிய முதல் பெரிதில்லை. ஒரு கயிறு, மூன்று நிற மணிகள், சிவப்பு-பச்சைக் கண்ணாடி, பிரிஸம், புரட்டிப் புரட்டிப் பார்க்கும் வில்லைகள், சுவரில் ஒட்ட எழுத்து அட்டை. பெரிய மெஷின்களைப் பிறகு யோசிக்கலாம்.

அந்தக் கயிற்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். பிரொக் என்ற ஒப்டோமெட்ரிஸ்டின் பெயரால் வழங்குவது. ஒரு நுனியைக் கதவுப்பிடியில் கட்டி, மறு நுனியைப் பிள்ளை தன் மூக்கில் பிடித்துக்கொள்ளும். நடு மணியைப் பார்க்கச் சொன்னால், கண்கள் சரியாக வேலை செய்யும் பிள்ளைக்குக் கயிறு இரண்டாகத் தெரிந்து அந்த மணியிலேயே பெருக்கல் அடையாளம் போலக் குறுக்கே வெட்டும். ஒரு கண்ணை மூளை அடக்கி வைத்திருந்தால் ஒரு கயிறு காணாமல் போகும். கிட்ட உள்ள மணியைப் பார்க்கச் சொன்னதும் "அந்த மணியே ரெண்டாத் தெரியுது" என்று பிள்ளை சொன்னால், கண்கள் உள்நோக்கித் திரும்பிச் சேர முடியாமல் தவிக்கின்றன என்று அர்த்தம். பிழை எங்கே என்று பிள்ளை தானே கண்டுபிடித்து, தானே திருத்திக்கொள்கிறது. கண்ணாடி எழுதிக் கொடுக்கும்போது இந்தச் சந்தோஷம் எனக்குக் கிடைப்பதில்லை.

இப்படிக் கண்கள் உள்நோக்கிச் சேரத் தவிக்கும் பிள்ளை வாசிக்கத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் தலையிடி என்னும், எழுத்து ஓடுது என்னும். தூரப்பார்வை நன்றாக இருப்பதால் சுவர் அட்டையில் கடைசி வரி வரை வாசித்துவிடும். அவசரத்தில் சோதிக்கிற கடையில் "கண் நல்லா இருக்கு" என்று அனுப்பிவிடுவார்கள். பேனா நுனியை மூக்குக்கு நேரே மெதுவாகக் கொண்டுவந்து, எங்கே இரண்டாகிறது என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். 6 சென்ரிமீற்றருக்கு அப்பாலேயே பிரிந்துவிட்டால் கவனிக்க வேண்டும்.

பயிற்சி பலன் தருமா? 2008இல் அமெரிக்காவில் இந்தக் குறைபாடுள்ள, 9 முதல் 17 வயதுவரையான 221 பிள்ளைகளிடம் நடந்த ஆய்வின் முடிவு வெளிவந்தது. வாரம் ஒரு மணித்தியாலம் அறையிலும் மிச்ச நாட்களில் வீட்டிலும் பயிற்சி செய்தவர்களில், 12 வாரத்தில் 73 வீதமானோர் தேறினார்கள். வீட்டில் பென்சிலை மூக்குக்குக் கிட்டக் கொண்டுவரும் பயிற்சி மட்டும் செய்தவர்களில் 43 வீதம். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பெயருக்கு மட்டும் பயிற்சி கொடுக்கப்பட்டவர்களில் 35 வீதம். இந்தத் தொழிலுக்கு இதைவிட உறுதியான அத்திவாரம் இல்லை.

அதே ஆய்வாளர்கள் 2019இல் இன்னொரு முடிவையும் சொன்னார்கள்: கண் தேறினாலும் வாசித்து விளங்கும் திறன், பெயருக்குப் பயிற்சி எடுத்தவர்களைவிடக் கூடவில்லை. இங்கேதான் எனக்குக் கவலை. 5ஆம் ஆண்டு புலமைப்பரிசில் நெருங்கும்போது "இவன் வாசிக்கிறானில்லை, கண்ணில ஏதும் செய்யலாமா" என்று தாய்மார் வருவார்கள். ஆசையைக் காட்டிப் பணம் வாங்குவது சுலபம். வாசிப்புக் கோளாறைக் கண் பயிற்சி தீர்க்கும் என்பதற்கு ஆதாரமில்லை என்று அமெரிக்கச் சிறுவர் மருத்துவர் சங்கமும் கண் மருத்துவர் சங்கமும் சேர்ந்து 2009இலேயே அறிக்கை விட்டிருக்கின்றன. அந்தத் தாயிடம் இதைச் சொல்லத் துணிவில்லாதவர் பயிற்சி அறை திறக்கவே கூடாது.

சோம்பேறிக்கண்ணில், அதாவது மூளை சரியாகப் பயன்படுத்தாததால் ஒரு கண்ணின் பார்வை மங்கிப்போகும் குறையில், கணக்கு கடை நாற்காலியின் பக்கம் சாய்கிறது. இரண்டு கண்ணுக்கும் பவர் வித்தியாசத்தால் வரும் சோம்பேறிக்கண்ணில், 7 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் கால்வாசிப் பேருக்குச் சரியான கண்ணாடி மட்டுமே போதுமாக இருந்ததாக 2006இல் வந்த ஆய்வு சொல்கிறது. மற்றவர்களுக்கு நல்ல கண்ணை மறைத்துக் கட்டவேண்டும். மிதமான குறையென்றால், ஒரு நாளில் 2 மணித்தியாலம் கட்டுவது 6 மணித்தியாலம் கட்டியதற்குச் சமமான பலன் தந்தது என்று 2003இலேயே கண்டார்கள். கயிறும் மணியும் இதற்குப் பிறகுதான். ஆக, நாலு வயதுப் பிள்ளையை மடியில் வைத்து, கண் டொக்டர் சொட்டு மருந்து விட்டபின் ரெட்டினோஸ்கோப்பால் (கண்ணுக்குள் ஒளி பாய்ச்சிப் பார்க்கும் கருவி) பவரைச் சரியாகப் பிடிக்கத் தெரிந்தவர், பயிற்சி அறையே இல்லாமல் ஒரு கண்ணைக் காப்பாற்றிவிடலாம். வாக்குக்கண் திடீரென்று வந்த பிள்ளையையோ திடீரென்று இரண்டாகத் தெரிகிறவரையோ எந்த வழிக்காரரும் தானே வைத்துப் பார்க்கக்கூடாது. உடனே டொக்டரிடம் அனுப்பவேண்டும்.

படிப்புக்குச் சென்னை எனக்குப் பிடித்த தெரிவு. சங்கர நேத்ராலயா கண் ஆஸ்பத்திரியோடு சேர்ந்த எலைட் ஒப்டோமெட்ரிக் கல்லூரி 1985இல் தொடங்கியது. வகுப்பு ஆங்கிலத்தில் நடந்தாலும் நோயாளியோடு தமிழில் பேசிப் பழகலாம், அது பின்னாளில் பெரிய பலம். அமெரிக்கா என்றால் பட்டத்துக்கு மேல் நாலு வருடம், செலவும் நம்மவருக்குத் தாங்காது. பிரித்தானியாவில் ஓர்தொப்டிக்ஸ், அதாவது வாக்குக்கண், கண்களின் அசைவு போன்றவற்றைக் கவனிக்கும் துறை, தனிப் படிப்பாகவே இருக்கிறது. ஆனால் அது பெரும்பாலும் ஆஸ்பத்திரி வேலைக்குத்தான் பொருந்தும்.

என் தெரிவு பயிற்சி அறைதான், ஆனால் உடனே அல்ல. இரண்டு மூன்று வருடம் கடையில் இருந்து பிள்ளைகளின் பவர் பிடிக்கக் கை பழகட்டும். அப்புறம் வாரத்தில் இரண்டு பின்னேரம் அறையைத் திறக்கலாம். ரியூசன் நேரத்தையும் மார்கழி மழையையும் பார்த்துத்தான் நாளைத் தெரியவேண்டும், இல்லாவிட்டால் மூன்றாம் கிழமையே வரவு நின்றுவிடும். கிண்ணியாவிலிருந்தோ மூதூரிலிருந்தோ பஸ் ஏறி வருகிறவரிடம் முதல் நாளே கேட்டுவிடுங்கள்: 12 வாரம் வர முடியுமா? முடியாதென்றால் பணம் வாங்காமல் பென்சில் பயிற்சியைக் காட்டிக் கொடுத்து, மாதம் ஒரு முறை வந்து அளந்துகொண்டு போகச் சொல்லுங்கள்.