ஷேஃபரா, மீசாவா, ஹேகன்ஸா? பிறந்த தேதியைப் பார்த்து எடுத்த முடிவு

நண்பர்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு கீப்பர் லீக் நடத்துகிறோம். வட அமெரிக்காவின் முதன்மை ஐஸ் ஹாக்கி லீக்கான என்ஹெச்எல்லின் வீரர்களை ஆளுக்கொரு கற்பனை அணியாகப் பிரித்துக்கொள்வோம். அவர்கள் நிஜத்தில் அடிக்கும் கோலும் கொடுக்கும் அசிஸ்ட்டும் (கோலுக்கு வழிசெய்யும் பாஸ்) எங்கள் கணக்கில் ஏறும். ஒருமுறை எடுத்த வீரரை வருஷக்கணக்கில் கையில் வைத்துக்கொள்ளலாம் என்பதால், 17, 18 வயதுப் பையன்களைத் தேர்ந்தெடுக்கும் நாளுக்கு எங்களிடம் பெரிய மதிப்பு. 2024-25 சீசனில் என் அணி கடைசி இடம். அதனால் 2025 ஜூலையில் முதல் தேர்வு என் கைக்கு வந்தது. மேத்யூ ஷேஃபர் என்ற டிஃபென்ஸ்மேனை (தற்காப்பு ஆட்டக்காரர்) எடுத்தேன். மைக்கேல் மீசாவை ஏன் விட்டாய், ஜேம்ஸ் ஹேகன்ஸை ஏன் விட்டாய் என்று அன்றிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்லிவிடுகிறேன்.

முதலில் கோலிகள், அதாவது கோல் காப்பவர்கள். உச்சத் தேர்வில் கோலியை எடுப்பது பற்றி நான் யோசிக்கவே இல்லை. இன்றைய முன்னணிக் கோலிகளில் ஒருவரான கானர் ஹெலபக், என்ஹெச்எல் அணிகள் இளம் வீரர்களை முறைவைத்து எடுக்கும் டிராஃப்ட்டில், 2012-இல் ஐந்தாவது சுற்றில், 130-வது ஆளாகப் போனவர். இந்த வயதில் கோலியை எடைபோடுவது எவ்வளவு கடினம் என்பதற்கு அது ஒன்றே போதும்.

அடுத்து மீசா. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் போட்டியே கிடையாது. ஓஹெச்எல் என்ற ஜூனியர் லீக்கில் சாகினாவ் ஸ்பிரிட் அணிக்காக 65 ஆட்டங்களில் 62 கோல், 72 அசிஸ்ட், மொத்தம் 134 புள்ளி. லீக்கிலேயே அவர்தான் முதலிடம். சிறப்பு அனுமதி பெற்று 15 வயதிலேயே அந்த லீக்குக்குள் வந்தவர். அந்த அனுமதி ஜான் டவாரெஸ், ஆரன் எக்பிளாட், கானர் மெக்டேவிட் போன்ற விரல்விட்டு எண்ணக்கூடிய சிலருக்கே கிடைத்திருக்கிறது. அவர் சென்டர் (முன்களத்தின் நடு ஆட்டக்காரர்) ஆடுவார், வேகமும் உண்டு. கற்பனை லீக்கில் கோல் அடிக்கிற சென்டர் கையில் இருக்கும் ரொக்கம் மாதிரி, எப்போது வேண்டுமானாலும் நல்ல விலைக்கு மாற்றிக்கொள்ளலாம். இரண்டாவது இடத்தில் சான் ஹோசே ஷார்க்ஸ் அவரை எடுத்தபோது யாரும் ஆச்சரியப்படவில்லை. எனக்கு இரண்டாவது தேர்வு இருந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அவரைத்தான் எடுத்திருப்பேன்.

ஹேகன்ஸ் கதை வேறு. டிராஃப்ட்டுக்கு ஒரு வருஷம் முன்பு பலர் முதல் இடத்துக்குச் சொன்ன பெயர் அவருடையதுதான். 2024-இல் நடந்த 18 வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியில் 22 புள்ளி எடுத்து நிகிட்டா குசெரோவின் சாதனையை முறியடித்தார். பிறகு பாஸ்டன் காலேஜில் முதல் வருஷம், 37 ஆட்டத்தில் 37 புள்ளி. கல்லூரி ஹாக்கியில் தன்னைவிட மூன்று, நான்கு வயது மூத்தவர்களோடு மோதி எடுத்த புள்ளிகள் அவை, நல்ல கணக்குதான். ஆனாலும் ரயான் லியோனார்டு, கேப் பெரோ என்று இரண்டு தேர்ந்த விங்கர்கள் (முன்களத்தின் ஓர ஆட்டக்காரர்கள்) பக்கத்தில் இருந்ததால் எல்லோரும் இன்னும் அதிகம் எதிர்பார்த்தார்கள். உயரமும் ஆறடியை எட்டவில்லை. மெல்ல மெல்ல இறங்கி ஏழாவது இடத்தில் பாஸ்டன் புரூயின்ஸுக்குப் போனார். அவர் பிறந்து வளர்ந்தது லாங் ஐலண்டில். அந்த ஊர் அணியான ஐலண்டர்ஸ், பத்தாவது இடத்திலிருந்து வெறும் 3.5 சதவீத வாய்ப்பில் லாட்டரியை வென்று முதல் தேர்வைப் பிடித்தது. நம் வீட்டுப் பையன் நமக்கே வரட்டும் என்று எத்தனை ரசிகர்கள் ஆசைப்பட்டிருப்பார்கள்! ஐலண்டர்ஸ் அந்த ஆசைக்கு இடம் கொடுக்காமல் ஷேஃபரை எடுத்தது. அங்கே நான் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன்.

இனி ஷேஃபர். அவர் ஆடியது குறைவு என்பதுதான் எல்லோரும் முதலில் சொல்லும் குறை. அதே ஓஹெச்எல்லில் ஈரி ஆட்டர்ஸ் அணிக்காக அந்த சீசனில் வெறும் 17 ஆட்டம், 7 கோல், 15 அசிஸ்ட். சீசன் தொடக்கத்தில் உடம்பு சரியில்லை. அப்புறம் டிசம்பரில் ஒட்டாவாவில் ஜூனியர் உலகப் போட்டி. லாட்வியாவுக்கு எதிரான ஆட்டத்தில் பக்கை (ஆடும் வட்டு) துரத்திக்கொண்டு வேகம் குறையாமல் கோல் முகத்துக்குப் பாய்ந்தார், கம்பத்தில் மோதினார், தோளைப் பிடித்தபடி வெளியே போனார். காறை எலும்பு முறிவு. அத்தோடு அவருடைய சீசன் முடிந்தது. அந்தக் காட்சியை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். அடி பட்ட இடத்தைவிட அவர் எங்கிருந்து கிளம்பி அங்கே வந்தார் என்பதுதான் என் கண்ணில் பட்டது. ஒரு டிஃபென்ஸ்மேன், எதிரணியின் கோல் வாசலில், பக்கை முதலில் தொடும் ஆளாக நிற்கிறார்!

அவர் ஆடிய வேறு ஆட்டங்களின் பதிவுகளிலும் நான் தேடிப் பார்த்தது ஒரு சின்ன விஷயம். தன் கோலுக்குப் பின்னால் கிடக்கும் பக்கை எடுக்கப் போகும்போது அவர் தலை எத்தனை முறை திரும்புகிறது? இரண்டு முறை. முதலில் இடது தோளுக்கு மேல், பிறகு வலது. பக் மட்டையில் ஒட்டும் முன்பே துரத்தி வருகிறவன் எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரிந்துவிடுகிறது. ஒரு பக்கம் போவதுபோல் இடுப்பைக் காட்டிவிட்டு மறுபக்கம் நழுவுகிறார். மூன்றே எட்டில் தன் தற்காப்புப் பகுதியின் எல்லையான நீலக் கோட்டைத் தாண்டிவிடுகிறார். இந்தத் தப்பித்தல்தான் டிஃபென்ஸ்மேனின் முதல் வேலை, பவர் பிளே (தண்டனையால் எதிரணி ஆள் குறைவாக ஆடும் நேரம்) புள்ளிகள் எல்லாம் அதற்குப் பிறகு.

சரி, டிஃபென்ஸ்மேனை முதலில் எடுப்பதில் உள்ள ஆபத்தை மறைக்க வேண்டாம். 2012 டிராஃப்ட்டில் முதல் பத்துப் பேரில் எட்டுப் பேர் டிஃபென்ஸ்மேன்கள். அதில் மார்கன் ரைலி, ஹாம்பஸ் லிண்ட்ஹோம், ஜேக்கப் ட்ரூபா நிலைத்து நின்றார்கள். கிரிஃபின் ரைன்ஹார்ட், டெரிக் பூலியோ, ஸ்லேட்டர் கூகூக் எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை. அதே டிராஃப்ட்டில் கோல்டன் பராய்கோ மூன்றாவது சுற்றிலும் ஜாக்கப் ஸ்லாவின் நான்காவது சுற்றிலும் போனார்கள். அந்த எட்டுப் பேரில் பாதிப் பேரைவிட இவர்கள் இருவரும் மேல். முன்கள ஆட்டக்காரரான ஃபார்வர்டின் திறமை கோல் கணக்கில் சீக்கிரம் தெரிந்துவிடும். டிஃபென்ஸ்மேன் பழுக்க வருஷங்கள் ஆகும், அதற்குள் பொறுமை போய்விடும். எங்கள் லீக்கில் அந்தப் பொறுமைக்கு விலையும் உண்டு. இன்னும் ஆடத் தொடங்காத ஒரு பையனை வைத்திருந்தால் அணியில் ஒரு இடம் சும்மா முடங்கிக் கிடக்கும்.

இவ்வளவு தெரிந்தும் ஷேஃபரை எடுக்கக் காரணம் அவருடைய பிறந்த தேதி. 2007 செப்டம்பர் 5.

என்ஹெச்எல் விதிப்படி அந்த ஆண்டு செப்டம்பர் 15-க்குள் 18 வயது நிறைகிறவர்கள்தான் டிராஃப்ட்டுக்குத் தகுதி பெறுகிறார்கள். ஷேஃபர் இன்னும் 11 நாள் கழித்துப் பிறந்திருந்தால் இந்த டிராஃப்ட்டிலேயே இருந்திருக்க மாட்டார். 2026-இல் கேவின் மெக்கென்னாவோடு நின்றிருப்பார். மெக்கென்னா பிறந்தது 2007 டிசம்பர் 20, இருவருக்கும் மூன்றரை மாதம்தான் வித்தியாசம். ஆஸ்டன் மேத்யூஸுக்கு இது எதிர்ப்பக்கம் நடந்தது. 1997 செப்டம்பர் 17-இல் பிறந்ததால் இரண்டு நாளில் 2015 டிராஃப்ட்டைத் தவறவிட்டு, ஒரு வருஷம் காத்திருந்து 2016-இல் முதல் ஆளாகப் போனார். அந்தக் கூடுதல் வருஷத்தில் அவர் சுவிட்சர்லாந்தில் பெரியவர்களோடு ஆடினார். ஒரே டிராஃப்ட்டில் நிற்கும் இரண்டு பேருக்கு நடுவில் ஏறக்குறைய ஒரு முழு வருஷம் இடைவெளி இருக்கலாம் என்பதை நாம் எளிதாக மறந்துவிடுகிறோம். 17 வயதில் ஒரு வருஷம் என்றால் தொடையில் ஏறும் தசை, மோதலில் தாங்கும் எடை, கூடுதலாக ஒரு சீசன் அனுபவம்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஷேஃபரைவிட மீசா 201 நாள் மூத்தவர், ஹேகன்ஸ் 306 நாள். அதாவது 2024-25 சீசனில் ஷேஃபர் இருந்த வயதில் ஹேகன்ஸ் இருந்தது அதற்கு முந்தைய சீசனில், அமெரிக்காவின் 18 வயதுக்குட்பட்டோர் அணியில். அப்படியானால் ஷேஃபரின் 17 ஆட்டங்களை ஹேகன்ஸின் கல்லூரி வருஷத்தோடு வைத்துப் பார்ப்பதே தப்பு. ஒரு வருஷம் பின்னுக்குப் போய்த்தான் பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்த்தால் ஹேகன்ஸ் ஒன்றும் சளைத்தவர் இல்லை, அந்த 22 புள்ளிச் சாதனை அந்த வயதில் வந்ததுதான். இங்கேதான் என் வாதத்தின் பலவீனமும் இருக்கிறது. மூத்தவரை ஒரு சீசன் கூடுதலாகப் பார்த்திருக்கிறோம், அவருடைய குறைகளைக் கண்டுபிடிக்க எல்லோருக்கும் நேரம் கிடைத்தது. ஷேஃபரிடம் நாம் குறையைப் பார்க்கவில்லை என்றால், குறை இல்லை என்றும் இருக்கலாம், பார்க்க 17 ஆட்டம் போதவில்லை என்றும் இருக்கலாம். இரண்டாவது சாத்தியத்தை நினைத்து இரண்டு நாள் தூக்கம் கெட்டது உண்மை.

எனக்கு உதவியது பழைய அனுபவம். கனடாவில் பிறந்த வீரர்களின் 1980 முதல் 2006 வரையிலான டிராஃப்ட்களை அலசி 2013-இல் ஒரு ஆய்வு வந்தது. ஆண்டின் பிற்பாதியில் பிறந்தவர்கள் தாங்கள் எடுக்கப்பட்ட இடத்துக்கு மேல் சாதித்தார்கள் என்பது அதன் சாரம். காரணம் விளங்கிக்கொள்ளக் கூடியதுதான். அங்கே சிறுவர் ஹாக்கியில் வயதுப் பிரிவு ஜனவரி 1-இல் தொடங்குகிறது. ஜனவரியில் பிறந்த பிள்ளை பெரியவனாகத் தெரிவான், நல்ல அணியில் இடமும் கூடுதல் ஆட்ட நேரமும் கிடைக்கும். செப்டம்பர் பிள்ளை இத்தனையையும் மீறி மேலே வந்திருந்தால் அவனிடம் உடம்பைத் தாண்டி ஏதோ இருக்கிறது. பாட்ரிஸ் பெர்ஜெரானை நினைத்துக்கொள்ளுங்கள். ஜூலையில் பிறந்தவர், 2003-இல் 45-வது ஆளாகப் போனார், அதே ஆண்டு 18 வயதில் பாஸ்டனுக்கு ஆடினார்.

அந்த ஆய்வுப்படி நவம்பரில் பிறந்த ஹேகன்ஸுக்கும் அதே சலுகை உண்டே என்று லீக்கில் ஒருவர் மடக்கினார். நியாயமான கேள்வி. சிறுவர் ஹாக்கியில் அவரும் சின்னவராக இருந்தே வளர்ந்தவர்தான். ஆனால் செப்டம்பர் 15 கோட்டுக்கு அந்தப் பக்கம் பிறந்ததால் டிராஃப்ட் நாளில் அவர் மூத்தவர் ஆகிவிட்டார். ஷேஃபர் இரண்டு கணக்கிலும் சின்னவர்.

வயது எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நான் சொல்லவில்லை. கேல் மக்கார், குவின் ஹியூஸ் இருவரும் அக்டோபரில் பிறந்தவர்கள், தங்கள் டிராஃப்ட்டில் மூத்தவர்கள் பக்கம். மக்கார் நான்காவது இடம், ஹியூஸ் ஏழாவது இடம். இன்றைக்கு உலகின் சிறந்த டிஃபென்ஸ்மேன்களைச் சொல்லச் சொன்னால் இந்த இரண்டு பெயரும் முதலில் வரும். வயதுக் கணக்கை மட்டும் வைத்து எடுத்திருந்தால் இரண்டு பேரையும் தவறவிட்டிருப்பேன். ஆட்டத்தைப் பார்த்து மூன்று பேரைச் சமமாக நிறுத்திய பிறகு, தராசை ஒரு பக்கம் சாய்க்கத்தான் பிறந்த தேதி. எனக்கு அந்த மூவரும் சமமாகவே தெரிந்தார்கள்.

ஆன்டன் ஃப்ரொண்டெல் பற்றியும் கேட்பார்கள். சிகாகோ மூன்றாவதாக எடுத்த சென்டர், ஸ்வீடனில் யூர்கோர்டன் அணிக்காக இரண்டாம் நிலை லீக்கில் பெரியவர்களோடு ஆடினார், அணி மேல் லீக்குக்கு ஏறிய வருஷம் அது. அந்த லீக்கை நான் தொடர்ந்து பார்த்தவன் இல்லை. சில துண்டுக் காட்சிகளை வைத்துக்கொண்டு அவரைக் கீழே தள்ளவோ மேலே ஏற்றவோ மனம் வரவில்லை. ஸ்வீடிஷ் ஹாக்கியைப் பழகியவர்கள் சொன்னால் கேட்டுக்கொள்வேன்.

மறுவிற்பனை மதிப்பு என்று பார்த்தாலும் இளையவர் பக்கம்தான் எனக்கு வசதி. எங்கள் லீக்கில் ஒரு பையனின் விலை அவன் ஆடாமல் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் இறங்கும். 20 வயதில் இன்னும் மேலே வராதவனை யாரும் சீந்த மாட்டார்கள். ஷேஃபர் முதல் வருஷம் மறுபடி ஜூனியருக்கே போயிருந்தாலும் அவருக்கு 20 ஆவதற்குள் ஒரு முழு சீசன் பாக்கி இருந்திருக்கும். அந்த அவகாசத்துக்காகவே மீசாவின் 134 புள்ளியை விட்டுக்கொடுத்தேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நோவா டாப்சனை ஐலண்டர்ஸ் டிராஃப்ட் நாளிலேயே மொன்ட்ரியாலுக்கு மாற்றிவிட்டது. பவர் பிளேயை நடத்துகிற டிஃபென்ஸ்மேனின் இடம் காலியானது. நான் தேர்வு செய்த நாளில் அது எனக்குத் தெரியும், கொஞ்சம் தைரியமும் கொடுத்தது. ஆனாலும் 18 வயதுப் பையனை உடனே அந்த இடத்தில் நிறுத்துவார்கள் என்று நான் நம்பவில்லை. ஒரு வருஷம் காத்திருக்கத் தயாராகவே அணியில் இடம் ஒதுக்கியிருந்தேன்.

காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. அக்டோபர் 9-ஆம் தேதி பிட்ஸ்பர்க்கில் சீசனின் முதல் ஆட்டத்திலேயே ஷேஃபர் இறங்கினார், ஒரு அசிஸ்ட் கொடுத்தார். ஆட்டம் முடிவதற்குள் மீசாவை எடுத்த நண்பரிடமிருந்து செய்தி வந்துவிட்டது: மீசாவோடு அடுத்த வருஷ முதல் சுற்றுத் தேர்வையும் சேர்த்துத் தருகிறேன், ஷேஃபரைக் கொடு என்று. மறுத்துவிட்டேன். 18 வயது முடிந்து அன்றைக்கு அவருக்கு 34 நாள்தான் ஆகியிருந்தது.