முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5: வாங்கியபின் பார்த்த சிறு பழுதுகளும் வண்டியின் தரமும்

1996-இல் தயாரான மாஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்றை வாங்கி ஆறு மாதங்கள் ஆகின்றன. இரண்டே இருக்கைகள், மடக்கக்கூடிய துணிக்கூரை, முன்புறம் 1,839 சிசி நான்கு சிலிண்டர் எஞ்சின், பின்சக்கர இழுவை, ஏறத்தாழ ஆயிரம் கிலோ எடை என முதல் தலைமுறையின் பிற்பகுதியைச் சேர்ந்த வண்டி இது. 1989-இல் அறிமுகமான நாள் முதலே இதை ஓட்டும் சுகத்தைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள் என்பதால் அதைப் பின்னால் சுருக்கமாகச் சொல்கிறேன். இத்தனை வயதான ஸ்போர்ட்ஸ் காரை வாங்குபவர் முதல் சில வாரங்களில் எப்படிப்பட்ட சிறு பழுதுகளைச் சந்திப்பார், அவற்றைத் தம் கையாலேயே சரிசெய்ய இந்த வண்டி எந்த அளவுக்கு இடம் கொடுக்கிறது என்பதைத்தான் இங்கே விரிவாக மதிப்பிட விரும்புகிறேன். என் வண்டியில் கண்ட குறைகளில் பெரும்பாலானவை இறுகிப்போன ரப்பரும், காலத்தில் மாற்றாமல் விட்ட திரவங்களும், அடைத்துக்கொண்ட துளைகளும் தந்தவை. அவற்றை எட்டவும் கழற்றவும் இந்த வண்டி தாராளமாகவே வழிவிடுகிறது.

முதல் மழைக்குப் பிறகு கதவைத் திறந்தபோது ஈரக் கம்பளத்தின் புழுங்கிய நெடி அடித்தது. இருக்கைகளுக்குப் பின்னால் கைவைத்தால் விரிப்பிலிருந்து நீர் கசிந்தது. கூரை கிழிந்திருக்கிறது என்று முடிவுகட்டுவதற்கு முன்னால் பார்க்க வேண்டிய இடம் வேறொன்று உண்டு. துணிக்கூரையின் மீது விழும் மழைநீர், கூரையின் அடிவிளிம்பில் உள்ள வாய்க்கால் போன்ற பட்டையில் இறங்கி, இரு பக்கத்திலும் சீட் பெல்ட் கூட்டுக்குப் பின்னால் உள்ள துளைகள் வழியே குழாயில் பாய்ந்து, பின்சக்கரங்களுக்குச் சற்று முன்னால் வண்டியின் அடியில் வெளியேறுகிறது. இலைச் சருகும் தூசியும் அந்தத் துளையை அடைத்துவிட்டால் நீர் பொங்கி உள்ளே வருவதோடு, கதவுக்குக் கீழே ஓடும் விளிம்பின் உட்புறத்தில் தேங்கி, வெளியே தெரியாமலே துருவை வளர்க்கிறது. முதல் தலைமுறை வண்டிகள் பல அந்த இடத்தில்தான் அரித்துப்போகின்றன. வாங்க வருபவர் பெயிண்டின் பளபளப்பை விட்டுவிட்டு, பின்சக்கரத்துக்கு முன்னால் உள்ள கீழ்விளிம்பை விரலால் அழுத்தியும் தட்டியும் பார்ப்பது நல்லது.

என் வண்டியில் துரு இன்னும் அந்த அளவுக்கு முற்றவில்லை. துளைக்குள் இரும்புக் கம்பியைச் செலுத்தினால் குழாய் கிழிந்துவிடும் என்பதால், வளைந்துகொடுக்கும் நீண்ட நைலான் பட்டை ஒன்றை மெதுவாக உள்ளே விட்டேன். ஒரு சாண் ஆழத்தில் தடுத்தது. அரைக் குவளை நீர் ஊற்றினேன், அப்படியே நின்றது. பட்டையைத் திருப்பித் திருப்பி நான்கைந்து முறை இறக்கியதும் உள்ளே களக்கென்று ஓர் ஓசை கேட்டது. கறுத்து மக்கிய இலைக்குழம்பு சக்கரத்தருகே சொத்தென்று விழுந்தது. அதைத் தொடர்ந்து நீர் தெளிவாக ஓடியது. இருக்கைகளைக் கழற்றிக் கம்பளத்தை வெளியே எடுத்து இரண்டு நாள் வெயிலில் உலர்த்திய பிறகு நெடி போயிற்று. ஒரு பொருளும் வாங்காமல் முடிந்த இந்த வேலையே, வண்டியின் ஆயுளுக்கு நான் செய்தவற்றுள் மிகப் பெரியது என்று நினைக்கிறேன்.

அடுத்தது ஹேண்ட் பிரேக். கைப்பிடியை முழுவதும் இழுத்துவிட்டாலும் சிறு சரிவில் வண்டி நகர்ந்தது. இருக்கைகளுக்கு நடுவே கேபிளை இறுக்கும் நட் ஏற்கெனவே கடைசிவரை முறுக்கப்பட்டிருந்ததால், எனக்கு முன்னால் கைவைத்தவர் பழுதை அங்கேயே தேடியிருக்கிறார் என்பது தெரிந்தது. இந்த வண்டியில் ஹேண்ட் பிரேக்கின் முதன்மையான சரிக்கட்டல் பின்சக்கரக் காலிப்பரிலேயே, அதாவது பிரேக் பேடைச் சக்கரத்தோடு சுழலும் டிஸ்கின்மேல் அழுத்தும் பாகத்திலேயே இருக்கிறது. முதலில் கேபிளைத் தளர்த்திவிட்டு, காலிப்பரின் உட்புறத்தில் உள்ள மூடி போல்ட்டைக் கழற்றினால், 4 மில்லிமீட்டர் அலென் கீ பொருந்தும் திருகு ஒன்று உள்ளே தென்படும். பேட் டிஸ்கைத் தொட்டுப் பிடிக்கும்வரை அதை இறுக்கி, பிறகு மூன்றில் ஒரு சுற்று பின்னோக்கி விட வேண்டும். கேபிளைச் சரிசெய்வது அதற்குப் பிறகுதான். சக்கரத்தைக் கழற்றியபோது இடதுபுறக் காலிப்பர் வழுக்கி நகர்வதற்கான ஊசிகள் இறுகிப்போய், உள்பக்கத்து பேட் மட்டும் தகடுவரை தேய்ந்திருந்ததையும் கண்டேன். ஊசிகளைத் தேய்த்துச் சுத்தம் செய்து, பிரேக்குக்கென்றே விற்கும் கிரீஸ் தடவி, இரு பக்கமும் புதிய பேட் பூட்டினேன். பிரேக் திரவம் தேநீர் நிறத்தில் இருந்தது. காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் பொருள் அது என்பதால் முழுவதையும் மாற்றினேன். வேகமாக ஓட்டுவதற்கென்றே வாங்கும் வண்டியில், நிறுத்தும் வேலையைச் சரிபார்க்கும் முன் வேகத்தைச் சோதிப்பது கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

எண்ணெய்க் கசிவு என்னை உண்மையிலேயே அஞ்ச வைத்தது. எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. கிராங்க் ஷாஃப்ட் எனும் எஞ்சினின் சுழல்தண்டின் பின்பக்க எண்ணெய்த் தடுப்பு வளையம் (சீல்) போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும் என்றார் பார்த்த மெக்கானிக். ஆனால் இந்த எஞ்சினின் தலைப்பகுதியின் பின்கோடியில் வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டின் நிலையை அளக்கும் கேம் கோண சென்சார் ஒன்று இருக்கிறது. அதன் ரப்பர் வளையம் வயதானால் இறுகி, எண்ணெய் எஞ்சினின் பின்புறமாக வழிந்து அதே இடத்துக்கு வந்து சேரும். எனவே எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு, டார்ச்சும் சிறு கண்ணாடியுமாகப் பார்த்தேன். முதல் ஈரம் மேலே, அந்த சென்சாரின் அடியில்தான் அரும்பியது. கழற்றுமுன் அது நிற்கும் நிலையைக் கோடிட்டு வைத்துக்கொள்ள வேண்டும். திரும்பிவிட்டால் இக்னிஷன் டைமிங், அதாவது தீப்பொறி எழும் நேரம், மாறிவிடும். புதிய வளையம் போட்ட நாளிலிருந்து வண்டியின் கீழே தரை உலர்ந்தே இருக்கிறது.

மற்றவை எளியவை. கியர் லீவரின் அடியிலிருந்து அனல் காற்றும் இரைச்சலும் வந்ததற்குக் கிழிந்த ரப்பர் உறையே காரணம். அதை மாற்றும்போது லீவர் பொருந்தும் கிண்ணத்தில் சிறிது கியர் ஆயிலும் ஊற்றியதால் கியர் மாற்றம் வெண்ணெயாக வழுக்கிச் செல்கிறது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கேட்ட டிக்டிக் ஒலி, வால்வு இடைவெளியை எண்ணெய் அழுத்தத்தால் சரிக்கட்டும் ஹைட்ராலிக் லிஃப்டர்களுடையது. புதிய ஆயில் மாற்றிச் சில நாள் ஓட்டியபின் அடங்கிவிட்டது. இந்த வண்டியில் பேட்டரி டிக்கிக்குள் இருப்பதால், ஆவியை வெளியேற்றும் குழாயோடு கூடிய பேட்டரியே வேண்டும். என் வண்டியில் சாதாரண பேட்டரியை வைத்திருந்தார்கள், அதைச் சுற்றி இரும்பு பொரிந்திருந்தது. டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருந்த நான்கிலக்க எண் 2309, அதாவது 2009-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். பட்டன் ஆழமாக இருந்தபோதும் ரப்பர் கல்லாகிவிட்டதால் நான்கையும் மாற்றினேன். வால்வுகளைப் பிஸ்டன்களோடு ஒத்து இயங்க வைக்கும் டைமிங் பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்பதற்குச் சான்று இல்லாததால் அதையும் புதிதாகப் போட்டேன். இந்த எஞ்சினில் பெல்ட் அறுந்தாலும் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்வதில்லை என்றாலும், நடுவழியில் நிற்பதை யாரும் விரும்பமாட்டார்கள்.

இவ்வளவும் முடிந்த வண்டி எப்படி ஓடுகிறது? சுமார் 130 குதிரைத்திறன் என்பது இன்றைய கணக்கில் சாதாரணம்தான். ஆயினும், கியர்பாக்ஸையும் பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலையும் ஒரே அலுமினியச் சட்டம் இறுகப் பிணைத்திருப்பதால் ஆக்சிலரேட்டரை மிதித்த கணமே இழுவை முதுகில் தெரிகிறது. வளைவுகளில் முன்சக்கரங்கள் எவ்வளவு பிடித்திருக்கின்றன என்பதை ஸ்டீயரிங் உள்ளங்கைக்குச் சொல்கிறது. குறைகளும் உண்டு. உயரமானவரின் தலை கூரையில் இடிக்கும். நெடுஞ்சாலையில் கூரையை மூடினாலும் பேச்சுக் கேட்காது. மோதல் பாதுகாப்பு முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய தரத்தில்தான் இருக்கிறது.

பத்து லட்சத்துக்கும் மேல் தயாரான வரிசை என்பதால் உதிரிபாகங்கள் தட்டுப்பாடின்றிக் கிடைக்கின்றன. ஓய்வு நாளில் ஸ்பேனர் பிடிக்கத் தயங்காதவருக்கு, அடிவிளிம்பில் துருவில்லாத வண்டி கிடைத்தால், மனமாரப் பரிந்துரைப்பேன். எல்லாவற்றையும் பிறரிடம் கொடுத்துச் செய்விக்க நினைப்பவருக்கு இதே வேலைகள் அலுப்பும் செலவுமாக முடியும். எனக்கு மிஞ்சியிருப்பது கூரையின் பின் ஜன்னல்: மங்கிப்போன பிளாஸ்டிக், மடிப்பில் ஒரு விரல் நீளத்துக்கு வெடிப்பு. கூரையை மடக்கும் முன் ஜிப்பைத் திறந்து அதைத் தட்டையாகப் படுக்கவைக்காமல் மடக்கியதன் விளைவு அது. இப்போதைக்கு டேப் ஒட்டியிருக்கிறேன். அடுத்த மழைக்காலத்துக்குள் புதிய கூரை வந்துவிடும்.